கோடு எங்கே போகிறது? திரைக் காப்புரிமையை ஆய்வாளர் படிக்கும் விதம்

ஓஎல்இடி, அதாவது ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் வகைப் போன் திரையை உருப்பெருக்கியில் பார்த்தால் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் சம அளவில் வரிசை கட்டி நிற்கும் என்று எதிர்பார்ப்போம். பெரும்பாலான திரைகளில் அப்படி இருக்காது. பச்சைப் புள்ளிகள் பொடிப்பொடியாக நிறைய இருக்கும். சிவப்பும் நீலமும் தலா அதில் பாதி எண்ணிக்கைதான். நீலப் புள்ளி மற்ற இரண்டையும் விடப் பெரிதாகத் தெரியும். நம் கண் நுணுக்கத்தைப் பச்சையில்தான் அதிகம் பிடிக்கிறது, அதனால் பச்சைக்கு எண்ணிக்கை. நீல ஒளி தரும் பொருள் சீக்கிரம் தேயும், அதனால் நீலத்துக்குப் பரப்பு. பரப்பு கூடினால் அதே வெளிச்சத்துக்கு ஒவ்வொரு சதுர மைக்ரானும் குறைந்த மின்னோட்டத்தைச் சுமந்தால் போதும், ஆயுளும் கூடும்.

இந்த வகை அடுக்குமுறைக்குப் பென்டைல் என்று பெயர். அமெரிக்காவின் கேண்டிஸ் பிரவுன் எலியட் உருவாக்கியது. அவர் நிறுவிய கிளேர்வொயன்ட் நிறுவனத்திடமிருந்து அதன் காப்புரிமைகளை 2008இல் சாம்சங் வாங்கிக்கொண்டது. 2013இல் வந்த கேலக்ஸி எஸ்4 போனில் புள்ளிகள் வைர வடிவத்துக்கு மாறின. இங்கே விலைபோனது ஒரு புதிய வேதிப்பொருளோ இயந்திரமோ அல்ல. புள்ளிகளை எங்கே வைப்பது, அப்படி வைத்த புள்ளிகளில் படத்தை எப்படி வரைவது என்பதன் மீதான உரிமை.

"எங்கே வைப்பது" என்பதெல்லாம் ஒரு கண்டுபிடிப்பா? காப்புரிமை அலுவலகத்தில் திரை விண்ணப்பங்களைப் படிக்கும் ஆய்வாளரின் மேசையில் தினமும் வந்து விழும் கேள்வி இதுதான். அவர் அதை எப்படி அணுகுகிறார் என்று தெரிந்துகொள்ள முதலில் பிக்சலுக்குள், அதாவது படத்தின் மிகச் சிறிய அலகுக்குள், கொஞ்சம் போக வேண்டும்.

1080க்கு 2400 என்ற அளவுள்ள போன் திரையில் 25,92,000 பிக்சல்கள். பென்டைல் முறையில் பிக்சலுக்கு இரண்டு புள்ளி என்றால் 51,84,000 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் அடியில் தனி மின்சுற்று உண்டு. ஏழு டிரான்சிஸ்டர், ஒரு மின்தேக்கி என்பது பரவலாகப் பயன்படும் அமைப்பு. பெருக்கினால் 3.6 கோடி டிரான்சிஸ்டருக்கு மேல் வருகிறது. கையடக்கத் திரைக்குள் இத்தனையும் அடங்குகின்றன.

வேலை நடக்கும் விதம் இதுதான். குறுக்காக ஓடும் கேட் லைன் ஒரு வரிசையை மட்டும் திறந்துவிடும். நெடுக்காக ஓடும் டேட்டா லைன், "நீ இவ்வளவு ஒளிர வேண்டும்" என்பதை மின்னழுத்தமாகக் கொண்டுவந்து தரும். மின்தேக்கி அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஓட்டும் டிரான்சிஸ்டர் அதற்கேற்ற மின்னோட்டத்தை ஒளிரும் படலத்துக்கு அனுப்பும். நொடிக்கு 60 படம், படத்துக்கு 2400 வரிசை என்றால் ஒரு வரிசைக்குக் கிடைக்கும் நேரம் ஏறக்குறைய 7 மைக்ரோநொடி. மீதி டிரான்சிஸ்டர்களில் பல, புள்ளிக்குப் புள்ளி ஓட்டும் டிரான்சிஸ்டரில் இருக்கும் சின்ன வேறுபாட்டை ஈடுகட்டவே இருக்கின்றன. அவை இல்லாவிட்டால் ஒரே நிறமான படம்கூடத் திட்டுத்திட்டாகத் தெரியும்.

சுற்றுப்படத்தில் கோடு வெறும் கோடுதான். திரையிலோ அது அகலமும் உயரமும் உள்ள உலோகப் பட்டை. ஒடுக்கினால் மின்தடை ஏறும். ஒன்றின் மேல் ஒன்று கடந்தால், கேட்காமலே அங்கே ஒரு மின்தேக்கி உருவாகிவிடும். ஓட்டும் டிரான்சிஸ்டரைக் கட்டுப்படுத்தும் முனைக்கு அருகில் டேட்டா லைன் போனால், அதில் ஏறி இறங்கும் மின்னழுத்தம் பக்கத்துப் புள்ளியின் ஒளிர்வைக் கலைக்கும். அதைத் தடுக்க, மின்னழுத்தம் மாறாத இன்னொரு பட்டையை நடுவில் கவசமாக ஓட்டுவார்கள். முன்பக்கக் கேமராவுக்காகத் திரையில் துளை போட்டால், அந்த வழியே வர வேண்டிய கோடுகளெல்லாம் துளையைச் சுற்றி வளைந்து போக வேண்டும். வளைந்தவை நீளும், நெருங்கும். அங்கே மட்டும் வெளிச்சம் மாறாமல் இருக்க வேறு ஏற்பாடு தேவை. ஆக, எளிய சுற்றுப்படம் ஒன்றைத் தகட்டில் இறக்குவதற்குள் நூறு சிக்கல். ஒவ்வொரு சிக்கலுக்கும் ஒரு விண்ணப்பம்.

கற்பனையாக ஒரு விண்ணப்பத்தை எடுத்துக்கொள்வோம். ஓஎல்இடி புள்ளியின் கீழ் மின்முனை, கோடுகளுக்கு மேலே உள்ள காப்புப் படலத்தின் மீது முகம் பார்க்கும் கண்ணாடி போலப் படர்ந்திருக்கும். கோட்டின் உயரம் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. படலம் அந்த மேட்டை மூடி மட்டப்படுத்தும், ஆனால் முழுதாக அல்ல. மின்முனையின் ஒரு பக்கத்துக்கு அடியில் மட்டும் கோடு ஓடினால் அந்தப் பக்கம் கொஞ்சம் தூக்கிக்கொள்ளும், ஒளியும் ஒரு பக்கமாகச் சாயும். நேராகப் பார்த்தால் வெள்ளையாகத் தெரியும் திரை, இடமிருந்து பார்த்தால் ஒரு சாயலும் வலமிருந்து பார்த்தால் வேறு சாயலும் காட்டும். தீர்வு? மின்முனையின் மையத்துக்கு இருபுறமும் சமதூரத்தில் இரண்டு கோடுகளை ஓட்டினால் தூக்கல் சமமாகிவிடும். திரை நிறுவனங்கள் உண்மையிலேயே கையாளும் உத்தி இது.

விண்ணப்பத்தில் விளக்கவுரை இருக்கும், படங்கள் இருக்கும், கடைசியில் எண்ணிட்ட உரிமைக்கோரிக்கைகள் இருக்கும். ஆய்வாளர் எடைபோடுவது அந்தக் கோரிக்கை வாக்கியங்களைத்தான். நிலப் பத்திரத்தில் நான்கெல்லை எழுதுவதைப் போல, எது என்னுடையது என்று சொல்லும் பகுதி அது. நம் கற்பனை விண்ணப்பத்தின் முதல் கோரிக்கை இப்படி இருக்கலாம்: "ஒரு அடித்தகடு, அதன் மேல் ஒரே திசையில் நீளும் முதல் கோடும் இரண்டாம் கோடும், அவற்றை மூடும் காப்புப் படலம், படலத்தின் மேல் ஒரு மின்முனை, மேலிருந்து பார்க்கையில் இரு கோடுகளும் மின்முனையோடு மேற்படிந்து, அதன் மையத்திலிருந்து ஏறத்தாழச் சமதூரத்தில் அமையும் காட்சிக் கருவி."

வாசிக்கவே சலிப்பாக இருக்கிறது, சரி. ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும் பணம் உண்டு. "மேற்படிந்து" என்றால் முழுக்கவா, ஓரத்தில் ஒரு மைக்ரான் பட்டாலும் போதுமா? அமெரிக்க அலுவலகத்தில் நியாயமான அளவுக்கு எவ்வளவு விரிவாகப் பொருள்கொள்ள முடியுமோ அவ்வளவு விரிவாகத்தான் ஆய்வாளர் படிப்பார். ஒரு மைக்ரான் பட்டாலும் படிந்ததுதான். "ஏறத்தாழ" என்ற சொல் எவ்வளவு விலகலை அனுமதிக்கிறது என்று விளக்கவுரையில் தடயமே இல்லையென்றால், கோரிக்கை தெளிவாக இல்லை என்று தனியாக ஒரு மறுப்பு வரும்.

அடுத்தது தேடல். ஓஎல்இடி திரைகளின் கோடுகளுக்கு எச்10கே 59/131, வண்ணப் புள்ளிகளின் வடிவ அடுக்குக்கு எச்10கே 59/353, புள்ளியை ஓட்டும் சுற்றுக்கு ஜி09ஜி 3/3233 என்று உலக அளவில் வகைப்பாட்டு எண்கள் உண்டு. அந்தப் பெட்டிகளுக்குள் கொரிய, ஜப்பானிய, சீன மொழி ஆவணங்கள் குவிந்து கிடக்கின்றன. சொல்லைத் தட்டித் தேடினால் கொஞ்சம்தான் கிடைக்கும். கோடு மையத்திலிருந்து சமதூரத்தில் போகிறது என்பதைப் பல ஆவணங்கள் வாக்கியமாகச் சொல்லியிருக்காது, படத்தில் மட்டும் வரைந்திருக்கும். ஆகவே ஆய்வாளர் படம் படமாகப் புரட்டுகிறார். சாம்சங்கின் பல விண்ணப்பங்களில் டேட்டா லைனுக்கு 171, மின்வழங்கும் கோட்டுக்கு 172 என்ற அடையாள எண்கள் ஆண்டுக்கணக்காகத் தொடர்ந்து வருகின்றன. பழகிய கண்ணுக்கு அந்த எண்ணே வழிகாட்டி.

இங்கேதான் ஒரு வேடிக்கையான விதி குறுக்கே வருகிறது. காப்புரிமைப் படங்கள் அளவுப்படி வரையப்பட்டவை என்று ஆவணமே சொல்லாதவரை, படத்தின் மேல் அளவுகோல் வைத்து அளந்த கணக்குக்கு மதிப்பில்லை. 2000இல் ஹாக்கர்சன் ஹால்பர்ஸ்டாட் நிறுவனத்துக்கும் ஏவியா நிறுவனத்துக்கும் இடையே ஒரு காலணிக் காப்புரிமை வழக்கில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. பழைய படத்தில் இரு கோடும் மையத்திலிருந்து ஒரே தூரத்தில் இருப்பதாகத் தெரிந்தாலும், "அளந்து பார்த்தேன், சமம்" என்று மட்டும் எழுதி ஆய்வாளர் தப்பிக்க முடியாது. ஆனால் கோடு மின்முனைக்கு அடியில் போகிறதா, வெளியே போகிறதா என்பதற்கு அளவுகோல் தேவையில்லை. அதைப் படம் காட்டினால் காட்டியதுதான்.

தேடலில் ஆவணம் அ கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் எல்லாம் இருக்கிறது, ஆனால் கோடுகள் ஒரு பக்கமாக ஒதுங்கிப் போகின்றன. அப்படியானால் கோரிக்கை புதியதுதான். அமெரிக்கச் சட்டத்தின் 102ஆம் பிரிவைத் தாண்டியாயிற்று. அடுத்த தடை 103: துறை தெரிந்த ஒரு சாதாரணப் பொறியாளருக்கு இது எளிதாகத் தோன்றியிருக்குமா? இடமாற்றம் என்றாலே ஆய்வாளர் கையில் எடுக்கும் பழைய தீர்ப்பு ஒன்று உண்டு. 1950இல் வந்த ஜாப்பிக்ஸே வழக்கு. நீரழுத்த இயந்திரம் ஒன்றில் தொடக்க சுவிட்ச் இருக்கும் இடத்தைத் தவிர மற்றதெல்லாம் பழையது. சுவிட்சை நகர்த்துவதால் இயந்திரத்தின் இயக்கம் மாறவில்லை, ஆகவே காப்புரிமை இல்லை என்றது நீதிமன்றம்.

இந்தத் தீர்ப்பை ஆய்வாளர்கள் சிலநேரம் சோம்பலாகப் பயன்படுத்துகிறார்கள் என்பது என் எண்ணம். திரையில் கோட்டை நகர்த்துவது சுவிட்சை நகர்த்துவது போன்றதல்ல. ஆனால் அதை நிரூபிக்கும் பொறுப்பு விண்ணப்பதாரர் பக்கம் வந்துவிடுகிறது. "எங்கள் இடமாற்றத்தால் மின்முனையின் சாய்வு குறைகிறது, நிறச்சாயல் மாறுவது குறைகிறது" என்று வழக்கறிஞர் பதில் எழுதுவார். அந்த விளைவு முதல் நாள் தாக்கல் செய்த விளக்கவுரையிலேயே இருந்தால் பதிலுக்கு வலு அதிகம். பிற்பாடு புதுத் தொழில்நுட்ப விஷயத்தை விளக்கவுரையில் சேர்க்கச் சட்டம் விடாது. கோட்டின் வழியை மட்டும் பக்கம் பக்கமாக வருணித்துவிட்டு, எதற்காக என்று ஒரு வரி எழுதாமல் விட்ட விண்ணப்பம் இந்த இடத்தில் தடுமாறும்.

சரி, ஆய்வாளர் ஆவணம் ஆ ஒன்றையும் கண்டுபிடித்துவிட்டார். அது எல்சிடி திரையைப் பற்றியது, அதில் கோடுகள் சமச்சீராக ஓடுகின்றன. இரண்டையும் இணைக்கலாமா? 2007இல் கேஎஸ்ஆர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இணைப்பதற்கான கதவை அகலமாகத் திறந்துவிட்டது. சாதாரணப் பொறியாளருக்கும் சாதாரண அளவு கற்பனை உண்டு, அவர் வெறும் இயந்திரம் அல்ல என்பது அந்தத் தீர்ப்பின் போக்கு. ஆனாலும் காரணம் சொல்ல வேண்டும். எல்சிடியில் ஒளி பின்விளக்கிலிருந்து வருகிறது. அங்கே கோடுகளைச் சமச்சீராக வைத்தது மின்தேக்கத்தைச் சமப்படுத்துவதற்காக என்றால், மின்முனைச் சாய்வு என்ற பிரச்சினையோடு அதற்கு என்ன தொடர்பு என்று வழக்கறிஞர் கேட்பார். வேறொரு காரணத்துக்காக இணைத்தாலும் இணைப்பு இணைப்புதான் என்று ஆய்வாளர் திருப்பிச் சொல்வார். ஐரோப்பிய அலுவலகத்தில் இதே சண்டை வேறு வடிவில் நடக்கும்: பொறியாளரால் செய்திருக்க முடியுமா என்பது போதாது, அந்தப் பிரச்சினையைத் தீர்க்கும் எண்ணத்தில் செய்திருப்பாரா என்று பார்ப்பார்கள்.

பெரும்பாலும் கோரிக்கை சுருங்குவதில்தான் இது முடியும். "முதல் கோடு டேட்டா லைன், இரண்டாவது மாறா மின்னழுத்தம் தரும் கோடு" என்று சேர்த்தால் ஆவணம் ஆ விலகிப்போகும். ஆனால் இரண்டுமே டேட்டா லைனாக வைத்துத் திரை செய்யும் போட்டியாளரும் அப்புறம் எல்லைக்கு வெளியே போய்விடுவார். எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்பது இங்கே அறிவியல் அல்ல, வியாபாரம். இன்னொரு தமாஷும் உண்டு. எதிராக வந்து நிற்கும் ஆவணம் பல நேரங்களில் அதே நிறுவனம் சில ஆண்டுகளுக்கு முன் போட்ட விண்ணப்பமாகவே இருக்கும். பொதுவாக 18 மாதத்தில் விண்ணப்பங்கள் வெளியாகிவிடுவதால், நேற்றைய சின்ன மேம்பாடு இன்றைய சின்ன மேம்பாட்டை மறிக்கிறது.

இந்தியாவில் இதற்கெல்லாம் மேலே இன்னொரு முடிச்சு. 1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டத்தில் 3(ஓ) பிரிவு, ஒருங்கிணைந்த மின்சுற்றுகளின் தளவமைப்பு கண்டுபிடிப்பே அல்ல என்று ஒதுக்கிவிடுகிறது. அதற்கெனத் தனியாக 2000இல் ஒரு சட்டம் இருக்கிறது, அதில் பதிவுசெய்தால் 10 ஆண்டுப் பாதுகாப்பு. காப்புரிமைக்கோ 20 ஆண்டு. திரை என்பது சிலிக்கான் சில்லு அல்லவே, இது எப்படிப் பொருந்தும் என்று கேட்கலாம். அந்த 2000ஆம் ஆண்டுச் சட்டம் தரும் விளக்கம், குறைகடத்தியின் மீது மட்டுமல்ல, காப்புப்பொருள் ஒன்றின் மீது பிரிக்க முடியாதபடி உருவான டிரான்சிஸ்டர்களையும் சேர்த்துக்கொள்கிறது. திரையின் அடித்தகடாகும் கண்ணாடி காப்புப்பொருள்தான். அதன் மேல் படிந்த 3.6 கோடி டிரான்சிஸ்டர்களை அந்த வரியிலிருந்து வெளியே எடுப்பது சொல்லளவில் அவ்வளவு சுலபமல்ல. விண்ணப்பதாரருக்கு இருக்கும் நல்ல வழி, தன் கோரிக்கை மேலிருந்து பார்க்கும் வரைபடம் மட்டுமல்ல என்று காட்டுவது: படலத்தின் தடிமன், மின்முனை, ஒளிரும் அடுக்கு, ஒளி வெளியேறும் திசை என்று பக்கவாட்டு வெட்டில் தெரியும் பொருள்களையும் வாக்கியத்துக்குள் கொண்டுவருவது. சாய்வைப் பற்றிய விண்ணப்பத்துக்கு இது இயல்பாகவே வரும். துளையைச் சுற்றிக் கோடு வளைவதை மட்டும் கோருபவருக்கு வேலை அதிகம்.