கரும்பு போனது, புல் வந்தது: லஹைனா எரிந்த கணக்கு

பால்மாடு வைத்திருப்பவர்களுக்குக் கினியாப்புல்லை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. வேர்க்கரணை நட்டு இரண்டரை மாதத்தில் முதல் அறுப்பு, அதன்பின் நாற்பத்தைந்து நாளுக்கு ஒரு தரம் அறுத்துக்கொண்டே இருக்கலாம். தண்ணீர் வசதி இல்லாத மானாவாரி நிலத்துக்குக் கொழுக்கட்டைப்புல். இரண்டுமே ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்டு, தீவனத்துக்காக உலகமெல்லாம் போன புற்கள். பசிபிக் நடுவே இருக்கும் ஹவாய்த் தீவுகளுக்கும் மாட்டுக்காகத்தான் போயின. இன்று அங்கே காட்டுத்தீ என்று பேச்செடுத்தால் முதலில் வரும் பெயர்கள் இவைதான். நம் ஊரில் இதே புல் ஆள் உயரம் வளர்ந்து காய்வதற்குள் அரிவாள் வந்துவிடும். அங்கே தரிசாய்க் கிடக்கும் நிலத்தில் அரிவாளும் இல்லை, மாடும் இல்லை.

2023 ஆகஸ்ட் 8 அன்று மௌயி தீவின் லஹைனா நகரம் எரிந்தது. 102 பேர் இறந்தார்கள். ஏறக்குறைய 2,200 கட்டடங்கள் அழிந்தன அல்லது சேதமடைந்தன. காற்று, அறுந்த மின்கம்பி, வறட்சி ஆகிய மூன்றும் செய்திகளில் வந்தன, மூன்றும் உண்மை. ஆனால் அந்தக் காற்று வீசிய நிலம் எப்படி அந்த நிலைக்கு வந்தது என்பதற்கு நூறு வருடத்துக்கு மேல் பின்னால் போக வேண்டும்.

லஹைனாவை ஹவாய் மக்கள் ‘கா மாலு உலு ஓ லேலே’ என்றும் சொல்வார்கள். லேலே என்பது ஊரின் பழைய பெயர். உலு என்றால் சீமைப்பலா, ஈழத்தில் ஈரப்பலா. ஆக, சீமைப்பலா மரங்கள் நிழல் தந்த ஊர். மலைக்குப் பின்புறம் மழைமறைவில் இருப்பதால் ஆண்டு மழை 400 மில்லிமீட்டருக்கும் குறைவு. ஆனால் மலையிலிருந்து வந்த ஓடைகள் நகரின் நடுவே மோகுஹினியா என்ற குளத்தை நிரப்பின. அதன் நடுத்திட்டில் ஒருகாலத்தில் அரசர் குடியிருந்தார். 1860இல் தொடங்கிய கரும்புத் தோட்டம் ஓடைகளை வாய்க்கால் வெட்டித் திருப்பிக்கொண்டது. நீரோட்டம் நின்ற குளம் சதுப்பாகிக் கொசு பெருக்கியது. 1914இல் அதை மண் கொட்டி மூடி விளையாட்டுப் பூங்காவாக்கினார்கள். நகரம் தன் ஈரத்தை இழந்தது அப்போதுதான்.

அப்படியும் கரும்பு நின்றவரை மேட்டு நிலம் ஓரளவு காவலில்தான் இருந்தது. பாசனத்தில் நிற்கும் கரும்பு சுலபத்தில் பற்றாது. பாத்திகளுக்கு இடையே வண்டிப்பாதைகள், நீர்த்தேக்கங்கள், தண்ணீர் லாரிகள், எல்லாவற்றுக்கும் மேலாக நாள் முழுதும் ஆட்கள். அறுவடைக்கு முன் தோகையைக் கொளுத்துவது அவர்கள் வழக்கம் என்பதால் தீயைக் கையாளத் தெரிந்தவர்களும் அங்கேயே இருந்தார்கள். லஹைனாவின் ஆலை 1999இல் மூடப்பட்டது. 2016 டிசம்பரில் மௌயியின் கடைசிக் கரும்பு அறுவடையும் முடிந்தது, ஹவாயின் கரும்புத் தொழிலே அத்தோடு சரி. நிலம் தரிசாகக் கிடக்க, ஓரங்களில் நின்ற கினியாப்புல் உள்ளே வந்தது. அயல்நாட்டுப் புல்லும் புதரும் இன்று ஹவாயின் நிலப்பரப்பில் கால் பங்குக்குப் பக்கத்தில் இருக்கின்றன.

தரிசு என்றதும் வெறும் நிலம் என்று நினைத்துவிடுகிறோம். தீயின் கண்ணில் அது நிரம்பிய கிடங்கு. எவ்வளவு நிரம்பியது என்று கணக்கிட 1959இல் அமெரிக்கத் தீ ஆய்வாளர் ஜார்ஜ் பைராம் தந்த சூத்திரம் இன்னும் பயன்படுகிறது. தீமுனையின், அதாவது முன்னேறும் தீயின் விளிம்பின், ஒரு மீட்டர் நீளத்தில் நொடிக்கு எவ்வளவு வெப்பம் வெளியாகிறது என்பதற்கு மூன்று எண்களைப் பெருக்கினால் போதும். ஒரு கிலோ காய்ந்த புல் எரிந்தால் வரும் வெப்பம், தோராயமாக 18,000 கிலோஜூல். ஒரு சதுர மீட்டரில் எரியும் புல்லின் எடை, கிலோவில். தீ முன்னேறும் வேகம், நொடிக்கு மீட்டரில்.

ஹெக்டேருக்கு 10 டன் காய்ந்த புல் நிற்கிறது என்று வைப்போம், அதாவது சதுர மீட்டருக்கு 1 கிலோ. கினியாப்புல்லுக்கு இது பெரிய அளவே இல்லை. பலத்த காற்றில் தீ நொடிக்கு 1 மீட்டர் நகர்ந்தால் மீட்டருக்கு 18,000 கிலோவாட் (நொடிக்கு ஒரு கிலோஜூல்தான் ஒரு கிலோவாட்). பைராமின் இன்னொரு சமன்பாட்டின்படி தீநாக்கின் நீளம் ஏறக்குறைய 7 மீட்டர். மண்வெட்டியும் கைக்கருவியும் வைத்திருக்கும் ஆட்கள் தீமுனையை நேருக்கு நேர் தடுக்கக்கூடிய எல்லை 350 கிலோவாட். புல்டோசரும் தண்ணீர் வண்டியும் இருந்தால் 1,700 வரை. 3,500ஐத் தாண்டிவிட்டால் முன்னால் போய் நிற்பதே வீண்.

அதே நிலத்தில் மாடோ ஆடோ மேய்ந்து புல் 0.2 கிலோவாகக் குறைந்திருந்தால்? எடை ஐந்தில் ஒன்று. குட்டைப் புல்லில் காற்றின் பிடியும் குறைவு என்பதால் வேகமும் இறங்கும். நொடிக்கு 0.3 மீட்டர் என்றால் 1,080 கிலோவாட், தீநாக்கு 2 மீட்டருக்குச் சற்றுக் கீழே. ஒரு வண்டி போய் அணைக்கலாம். மேய்ச்சலின் பலன் இரண்டு எண்களிலும் ஒரே சமயத்தில் விழுகிறது.

‘போன வாரம்தானே மழை பெய்தது’ என்ற ஆறுதல் புல்லிடம் செல்லாது. காய்ந்த பொருள் சுற்றுக் காற்றின் ஈரத்துக்கு ஏற்ப மாற எடுக்கும் நேரம் அதன் தடிமனைப் பொறுத்தது. 6 மில்லிமீட்டருக்கும் மெல்லிய புல்தாளுக்குச் சுமார் ஒரு மணி நேரம். ஒரு சாண் கனமுள்ள மரக்கட்டைக்கு ஆயிரம் மணி நேரம், நாற்பது நாளுக்கு மேல். காலைப் பனியில் நனைந்திருந்த புல் பிற்பகலில் வெடிமருந்துபோல் நிற்பது இதனால்தான். லஹைனாவில் அன்று வடக்கே உயர் அழுத்தம், தெற்கே வெகுதொலைவில் டோரா சூறாவளி. இரண்டுக்கும் இடையே நெருக்குண்ட காற்று மேற்கு மௌயி மலையைத் தாண்டி, சரிவில் இறங்க இறங்கச் சூடேறி, மணிக்கு நூறு கிலோமீட்டரை நெருங்கும் வீச்சுகளாக ஊருக்குள் பாய்ந்தது.

காலை ஆறரை மணியளவில் மின்கம்பியால் புல்லில் பற்றிய தீயை ஒன்பது மணிக்குள் கட்டுப்படுத்திவிட்டதாக அறிவித்தார்கள். பிற்பகல் மூன்று மணிவாக்கில் அதே பகுதியில் மீண்டும் தீ. காலைத் தீயின் கனல்தான் மறுபடி உயிர்பெற்றது என்று 2024இல் வெளியான விசாரணை அறிக்கை சொன்னது. புல்தீயில் இது பழைய ஆபத்து. மேலே கருகி ஓய்ந்துவிடும், கீழே தூர்க்கட்டையிலும் வேரிலும் புகையில்லாமல் கனன்றுகொண்டிருக்கும். அணைத்த இடத்தின் ஓரம் முழுக்க நடந்து, புறங்கையைத் தரைக்கருகே கொண்டுபோய்ச் சூடு பார்த்து, சூடு தட்டும் இடத்தைக் கொத்திக் கிளறி நீர் ஊற்றும் சலிப்பான வேலைக்கு மாற்று கிடையாது.

நகருக்குள் நுழைந்தபின் அது புல்தீயே அல்ல. புல்லின் தீநாக்கு ஓரிடத்தில் அரை நிமிடம்கூட நிற்காது. ஒரு மரவீடு எரிந்தால் ஒரு மணி நேரம் பக்கத்து வீட்டைச் சுட்டுக்கொண்டிருக்கும். அமெரிக்க வனத்துறையின் ஜாக் கோஹன் 1990களின் இறுதியில் கனடாவின் வடமேற்கில் மர உச்சிவரை எரியும் தீயின் எதிரே மரச்சுவர்களை நிறுத்திப் பார்த்தார். 10 மீட்டரில் இருந்தவற்றில் சில பற்றின, 20 மீட்டரிலும் 30 மீட்டரிலும் இருந்தவை பற்றவில்லை. அப்படியானால் காட்டிலிருந்து நூறு மீட்டர் தள்ளியிருக்கும் வீடு ஏன் எரிகிறது? காற்றில் பறந்து வரும் தீக்கங்குகள். கூரையோர மழைநீர்க் கால்வாயில் தங்கிய சருகு, கூரையடி இடத்தின் காற்றுத்துளை, சுவரோரம் அடுக்கிய விறகு, வாசல் கால்மிதி, இவைதான் அவை இறங்கும் இடங்கள்.

கலிபோர்னியாவின் விதிகளும் பரிந்துரைகளும் இதனால்தான் சுவரிலிருந்து வெளியே அளக்கின்றன. முதல் 1.5 மீட்டரில் எரியக்கூடியது எதுவும் கூடாது, சரளை அல்லது சிமென்ட் தரை. அங்கிருந்து 9 மீட்டர் வரை காய்ந்ததை அகற்றி, செடிகளைக் கூட்டமாக விடாமல் இடைவெளி. 30 மீட்டர் வரை புல் 10 சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. காற்றுத்துளைக்கு 1.6 முதல் 3 மில்லிமீட்டர் கண்ணுள்ள உலோக வலை, பிளாஸ்டிக் வலை உருகி வழிவிடும். தோட்டக்காரர்கள் தவறுவது பெரும்பாலும் மண்ணை மூடிப் பரப்பும் மூடாக்கில். மரப்பட்டைத் துண்டு மூடாக்கு மண்ணுக்கு அமுதம்தான், சுவரோரம் போட்டால் கங்குக்கு மெத்தை.

பூங்காவும் மரமும் இதில் எந்தப் பக்கம்? பராமரிப்பைப் பொறுத்தது. லஹைனாவின் புகழ்பெற்ற ஆலமரம் இந்தியாவிலிருந்து வந்த கன்று, 1873இல் நட்டது. சுற்றிலும் கட்டடங்கள் சாம்பலான அந்தத் தீயில் கருகியும், தண்ணீர் விட்டுக் கவனித்தபின் சில வாரங்களில் தளிர்த்தது. ஈரம் நிறைந்த உயிருள்ள மரம் சட்டென்று பற்றுவதில்லை. நிழலுக்கு வேறொரு வேலையும் உண்டு. ஆறு மீட்டர் உயரத்தில் வீசும் காற்றில் திறந்த புல்வெளியின் தீக்குக் கிடைப்பது சுமார் நாற்பது சதவீதம், அடர்ந்த மரநிழலின் கீழ் பத்து சதவீதம்தான். மணிக்கு 50 கிலோமீட்டர் காற்று அங்கே 20, இங்கே 5. நிழலில் புல்லும் மெலியும்.

ஆனால் மரத்தடியில் புதர் மண்டினால் தரைத்தீ ஏணியேறிக் கொம்புக்குப் போய்விடும். தரையிலிருந்து 2 மீட்டருக்குக் கீழே கிளை இல்லாமல் கவாத்து செய்ய வேண்டும். அடியில் செடி வேண்டுமென்றால் அதன் உயரத்தைப் போல் மூன்று மடங்கு இடைவெளி விட்டு முதல் கிளை இருக்கட்டும். புல்லைக் களைக்கொல்லி தெளித்துக் கொன்றுவிட்டு அப்படியே நிறுத்துவதில் பலனில்லை, பச்சையாய் நின்றது காய்ந்த எரிபொருளாய் நிற்கும், அவ்வளவே. கொளுத்தி ஒழிக்கவும் முடியாது. தீயில் நாட்டு மரக்கன்றுகள் சாகும், கினியாப்புல் தூரிலிருந்து முன்பைவிட அடர்த்தியாகத் துளிர்க்கும், அடுத்த தீ இன்னும் கொஞ்சம் காட்டுக்குள் போகும். ஆண்டுக்கு ஒருமுறை சுத்தம் செய்து கணக்கு எழுதும் தீத்தடுப்புக் கோடும் அப்படித்தான், ஒரு மழை பெய்தால் சில வாரங்களில் புல் மூடிவிடும். மாட்டைப் பட்டியடைத்து மாற்றி மாற்றி மேய்ப்பதோ, ஆண்டுக்குப் பல அறுப்போதான் தாக்குப்பிடிக்கும்.

அறுப்பதிலும் நேரம் முக்கியம். வறண்ட நாளின் நடுப்பகலில் புல்வெட்டியின் கத்தி கல்லில் பட்டால் ஒரு பொறி போதும். கலிபோர்னியாவின் தீயணைப்புத் துறை காலை 10 மணிக்குள், காற்று இல்லாத நாளில் வேலையை முடிக்கச் சொல்கிறது. வெட்டிய புல்லையும் அன்றே வாரி எடுத்துவிட வேண்டும்.