‘அவுகளுக்குக் குணமாயிட்டுல்லா, டாக்டரம்மா?’

மூன்று வாரத்துக்கு முன்னால் ஓ.பி.யில் ஒரு அம்மா வந்து உட்கார்ந்தார். பீடி சுற்றிப் பிழைக்கிறவர், வயது ஐம்பதுக்குள்தான். சேலையை விலக்கும் முன்பே வாடை வந்துவிட்டது. இடது மார்பு முழுக்கப் புண். மேலே ஏதோ கறுப்புக் களிம்பு காய்ந்து அப்பியிருந்தது. (யார் என்று தெரிந்துவிடாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

எட்டு மாதத்துக்கு முன்னால் இதே அம்மா என்னிடம் வந்திருக்கிறார். அன்றைக்குக் கட்டி பெருநெல்லிக்காய் அளவு, அக்குளில் ஒரு நெறி, அவ்வளவுதான். பயாப்சி பார்த்து (கட்டியிலிருந்து துளி சதை எடுத்துச் சோதிப்பது), ஸ்கேன் எடுத்து, மார்பகப் புற்று, இரண்டாம் நிலை என்று சொல்லியிருந்தோம். முறையாக வைத்தியம் பார்த்தால் பெரும்பாலானவர்கள் பல வருடம் நன்றாக இருக்கிற நிலை அது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும் கையில் இருந்தது. "ஒரு மாசம் நாட்டு மருந்து பாத்துட்டு வாறோம், டாக்டரம்மா" என்றார் கூட வந்த அண்ணன். நான் சத்தம் போட்டேன். அவர்கள் பேசாமல் எழுந்து போய்விட்டார்கள்.

இந்த மாதம் இப்படி வந்தவர்களில் இவர் மூன்றாவது ஆள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஏன் போனீர்கள் என்று கேட்டால் எல்லாரும் சொல்கிற பதில் ஒன்றுதான்: "அவுகளுக்குக் குணமாயிட்டுல்லா?" அத்தை வீட்டுக்காரருக்கு, தெருக்கோடி வாத்தியாருக்கு, செல்போன் வீடியோவில் பேசுகிற பெரியவருக்கு. இந்த ஒரு வாக்கியம் என் நோயாளிகளைக் கொண்டுபோன அளவுக்கு வேறெதுவும் கொண்டுபோனதில்லை. அதனால் இதைக் கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன், நீங்களும் பொறுமையாகப் படியுங்கள்.

குணமானவருக்கு வந்தது புற்றுதானா? மார்பில் வருகிற கட்டிகளில் பெரும்பாலானவை புற்று இல்லை. நார்க்கட்டி, நீர்க்கட்டி, பால் கட்டி என்று எத்தனையோ உண்டு. கழுத்தில் நெறி கட்டினால் அது காசநோயாக இருக்கலாம், பல்லில் சீழாகக்கூட இருக்கலாம். சிலது தானாகவே கரையும். பயாப்சி ரிப்போர்ட் இல்லாமல் "புத்து கரைஞ்சுட்டு" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

சரி, புற்றுதான் என்று வைத்துக்கொள்வோம். கஷாயத்துக்கு முன்னால் என்ன வைத்தியம் நடந்தது? ஒருமுறை, இப்படிக் குணமானதாக ஒரு வைத்தியர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த பெண் என் முன்னாலேயே வந்து நின்றார். மூன்று வருடத்துக்கு முன்னால் அவருக்கு அறுவை செய்தது நான். கட்டி முழுவதும் எடுத்தாகிவிட்டது, கீமோவும் முடித்துவிட்டார். அதன் பிறகு கஷாயம் குடித்திருக்கிறார். பேர் கஷாயத்துக்குப் போய்விட்டது.

அப்புறம், எத்தனை நாள் ஆயிற்று? குணமாகி ஆறு மாதம் என்றால் அது கணக்கிலேயே வராது. சில புற்று மெதுவாக வளரும். ஒன்றும் செய்யாமல் இருந்தாலும் ஒரு வருடம் ஆளை ஒன்றும் செய்யாது. அந்த ஒரு வருடத்தைத்தான் மருந்தின் சாதனை என்கிறார்கள்.

கடைசியாக ஒன்று. அதே வைத்தியரிடம் போன மற்றவர்கள் எங்கே? நூறு பேர் போனார்கள், நாலு பேர் நன்றாக இருக்கிறார்கள் என்று வையுங்கள். அந்த நாலு பேரும் வீடியோவில் பேசுவார்கள். மீதிப் பேர் வீட்டில் படமாகத் தொங்குகிறார்கள், அவர்கள் வந்து பேச முடியாது. நாங்கள் ஒரு மருந்தைச் சோதிக்கும்போது இறந்தவர்களையும் பாதியில் நின்றவர்களையும் சேர்த்தே எண்ணுகிறோம். ஆராய்ச்சி என்றால் முதலில் அந்தக் கணக்குத்தான்.

அப்படி எண்ணிப் பார்த்ததும் உண்டு. அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வு அது. பரவாத புற்று உள்ளவர்களில் மாற்று வைத்தியத்தை மட்டுமே தேர்ந்தெடுத்த 281 பேரையும், வழக்கமான சிகிச்சை எடுத்த 560 பேரையும் ஒப்பிட்டார்கள். மாற்று வைத்தியம் மட்டும் எடுத்தவர்கள் இறக்கும் வாய்ப்பு இரண்டரை மடங்கு அதிகம். மார்பகப் புற்றில் ஐந்து மடங்குக்கும் மேல். அந்த 281 பேரும் படிப்பும் வசதியும் குறைந்தவர்கள் இல்லை, கூடியவர்கள். ஆகவே படிக்காத சனங்கள்தான் ஏமாறுகிறார்கள் என்று யாரும் சொல்ல வேண்டாம்.

இப்போது முள் சீத்தாப் பழத்துக்கு வருகிறேன். குற்றாலம் சீசனில் பழக்கடைகளில் அடுக்கி வைத்திருப்பார்கள். "கீமோவை விட பத்தாயிரம் மடங்கு சக்தி" என்று வாட்ஸ்அப்பில் வராத வீடு இல்லை. அந்தப் பத்தாயிரம் எங்கிருந்து வந்தது தெரியுமா? அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் 1996-இல் வந்த ஒரு ஆய்வுக் கட்டுரை. அந்தப் பழத்தின் விதையிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்து, கண்ணாடித் தட்டில் வளர்த்த பெருங்குடல் புற்றுச் செல்கள்மேல் போட்டுப் பார்த்தார்கள். அங்கே ஒரு கீமோ மருந்தை விட வீரியம் அதிகமாகத் தெரிந்தது. மனிதர் யாருக்கும் கொடுக்கவில்லை. தட்டில் இருக்கும் செல் சுண்ணாம்புத் தண்ணீர் ஊற்றினாலும் சாகும். உடம்பில் இருக்கும் மற்ற செல்களை விட்டுவைத்து, புற்றை மட்டும் அழிக்கிறதா என்பதுதான் கேள்வி. இன்னொன்றும் கேளுங்கள். கரீபியன் தீவான குவாதலூப்பில் இந்தப் பழத்தையும் இலைக் கஷாயத்தையும் நிறையச் சாப்பிட்டவர்களுக்குப் பார்க்கின்சன் போன்ற நடுக்க நோய் அதிகம் இருந்ததை 1999-இல் பதிவு செய்திருக்கிறார்கள். ஒரு பழம் ஆசைக்குத் தின்னலாம். இலையைத் தினமும் கொதிக்க வைத்துக் குடிக்காதீர்கள்.

"நீங்க குடுக்கது கெமிக்கல், அவுக குடுக்கது பச்சிலை" என்கிறவர்களுக்கு நித்தியகல்யாணியைக் காட்டுவேன். நம் பக்கத்து மானாவாரி நிலங்களில் பயிராக்கி, காயவைத்து மூட்டை கட்டி அனுப்புகிறார்களே, அதே செடிதான். ஜமைக்காவில் சர்க்கரை நோய்க்கு அந்த இலையைக் குடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, கனடாவில் நோபிள், பியர் என்ற இரண்டு விஞ்ஞானிகள் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை குறையவில்லை, இரத்தத்தின் வெள்ளணுக்கள் குறைந்தன. அப்படித்தான் 1958-இல் வின்பிளாஸ்டின் என்ற கீமோ மருந்து வெளியே வந்தது. அதே செடியிலிருந்து வந்த வின்கிரிஸ்டினைக் குழந்தைகளின் இரத்தப் புற்றுக்கு இன்றும் போடுகிறோம். எங்கள் வார்டில் பச்சிலைதான் ஊசியாக ஏறிக்கொண்டிருக்கிறது.

ஆனால் ஒரு கிராம் வின்பிளாஸ்டின் எடுக்கச் சுமார் 500 கிலோ காய்ந்த இலை வேண்டும். வின்கிரிஸ்டின் ஒரு தடவைக்கு இரண்டு மில்லிகிராமுக்கு மேல் பொதுவாகப் போட மாட்டோம், கூடினால் நரம்பு போய்விடும். வீட்டில் ஒரு கைப்பிடி இலையை அவித்துக் குடிப்பவருக்கு நோய்க்கு வேண்டிய மருந்து கிடைக்காது, நஞ்சு மட்டும் கிடைக்கலாம். தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள்.

"கத்தி பட்டா படந்துரும்" என்பது இன்னொரு பயம். முற்றிய பிறகு வயிற்றைத் திறந்து பார்த்து, ஒன்றும் செய்ய முடியாமல் மூடியனுப்பிய காலத்திலிருந்து வந்த பேச்சு அது. ஆபரேஷனால் பரவியதல்ல, பரவிய பிறகுதான் வந்தார்கள். மார்பில் ஊசி போட்டு பயாப்சி எடுப்பதால் ஆயுள் குறையாது.

சித்த மருத்துவத்தை நான் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பாளையங்கோட்டையில் 1964-லிருந்து அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே படித்துப் பதிவு பெற்றவர்கள் கட்டி என்றதும் "முதல்ல பயாப்சி பாருங்க" என்று எங்களிடம் அனுப்புகிறார்கள். என் கோபம் பெயர்ச்சீட்டு ஒட்டாத பாட்டில் மேல்தான். பாதரசமும் பாஷாணமும் சேர்ந்த மருந்துகளை நஞ்சு முறியச் சுத்தி செய்ய முறை உண்டு, அளவு உண்டு. பொட்டலம் மடித்துக் கொடுப்பவரிடம் அது உண்டா? புற்றைக் குணமாக்குவேன் என்று விளம்பரம் செய்வதே 1954-ஆம் வருடத்துச் சட்டப்படி குற்றம். நோட்டீஸ் ஒட்டியிருந்தால், வீடியோ போட்டிருந்தால், அதை வைத்தே ஆளை எடை போட்டுக்கொள்ளுங்கள்.

வைத்தியத்தோடு சேர்த்து ரகசியமாகக் குடிக்கிறவர்களுக்கும் சொல்கிறேன். கொரோனா காலத்தில் சீந்தில் சாப்பிட்டுக் கல்லீரல் கெட்டவர்களை மும்பை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். மஞ்சள் மாத்திரையாலும் அப்படி ஆனவர்கள் உண்டு. குழம்பில் போடுகிற மஞ்சளை நான் சொல்லவில்லை, டப்பாவில் வருகிற செறிவூட்டிய மாத்திரையைச் சொல்கிறேன். கீமோ மருந்துகள் பலவற்றைக் கல்லீரல்தான் சமாளிக்க வேண்டும். அது ஏற்கெனவே வீங்கியிருந்தால் கீமோவைத் தள்ளிப் போடுவதைத் தவிர எங்களுக்கு வழியில்லை.

முதலில் சொன்ன அந்த பீடி சுற்றுகிற அம்மாவுக்கும் கல்லீரல் அப்படித்தான் வீங்கியிருந்தது. களிம்பில் சேராங்கொட்டை எண்ணெயாம். தோல் வெந்து புண்ணானதைப் பார்த்து, "வேர் வெளிய வருது, இன்னும் கொஞ்ச நாள்தான்" என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார். மாதம் எட்டாயிரம் ரூபாய். காப்பீட்டு அட்டையில் வருடத்துக்கு ஐந்து லட்சம் வரை இருக்கும்போது, பீடிக் கூலியிலிருந்து எட்டாயிரம். இப்போது நுரையீரலில் புள்ளிகள் தெரிகின்றன. குணமாக்குவோம் என்று சொல்ல முடியாத இடத்துக்கு வந்துவிட்டார். புண்ணை ஆற்றலாம், வலியைக் குறைக்கலாம், நாளைக் கூட்டலாம். அதைச் செய்யவும் கல்லீரல் வீக்கம் இறங்கட்டும் என்று இரண்டு வாரம் காத்திருந்தோம்.

என்ன குடித்தார் என்று முதலில் சொல்லவே இல்லை. "நீங்க ஏசுவீயளோன்னு பயந்துட்டோம்" என்றார் அண்ணன். எட்டு மாதத்துக்கு முன்னால் நான் போட்ட சத்தம் அவருக்கு மறக்கவில்லை. மறுநாள்தான் மஞ்சப்பையில் மூன்று பாட்டில், ஒரு களிம்பு டப்பா, இரண்டு பொட்டலம் எல்லாவற்றையும் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்.

நீங்களும் அப்படிக் கொண்டு வாருங்கள். எதைக் குடித்தாலும், எங்கே போனாலும், பையோடு வாருங்கள். போக நினைத்தால் போவதற்கு முன்னால் ஒருமுறை வாருங்கள், உட்கார்ந்து பேசலாம். ஏச மாட்டேன்.