தொளதொளவென்று கிடக்கும் ஃபோர்ஸ் ஃபீட்பேக் ஜாய்ஸ்டிக்: தூக்கி எறியும் முன் பார்க்க வேண்டியவை

ஃபோர்ஸ் ஃபீட்பேக் ஜாய்ஸ்டிக் என்பது விமான விளையாட்டுகளில் பிடியை மோட்டார்களால் தள்ளியும் இழுத்தும் விசையைக் கைக்கு உணர்த்தும் கருவி. பரணில் கிடந்த பழையது ஒன்றை எடுத்துப் பிடியை அசைத்துப் பார்க்கிறார்கள். எதிர்ப்பே இல்லை, விட்ட பக்கம் சாய்ந்துவிடுகிறது. ஸ்பிரிங் உடைந்துவிட்டது என்று முடிவுகட்டி எறிந்துவிடுகிறார்கள். நன்றாக இருக்கும் கருவிகள் குப்பைக்குப் போவது பெரும்பாலும் இப்படித்தான். மைக்ரோசாஃப்டின் சைட்விண்டர் போன்ற மாடல்களில் பிடியை நடுவுக்குக் கொண்டுவர ஸ்பிரிங்கே கிடையாது. அதுவும் உள்ளே இருக்கும் இரண்டு மோட்டார்களின் வேலை. மின்சாரம் இல்லாதபோது தொளதொளவென்று கிடப்பதுதான் அதன் இயல்பு.

மின்சாரம் கொடுத்த பிறகும் அப்படியே கிடக்கிறதா? மைக்ரோசாஃப்ட் சைட்விண்டர் ஃபோர்ஸ் ஃபீட்பேக் 2 என்றால், பிடியை முழுக் கையாலும் பற்றிப் பாருங்கள். கை இருப்பதை அறியும் ஒளி உணரி ஒன்று பிடியில் உண்டு. அது மறைந்தால்தான் மோட்டார்கள் இயங்கும். இரண்டு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு "மோட்டார் போய்விட்டது" என்று சொல்லக் கூடாது. உணரியின் மேல் அழுக்கு படிந்திருந்தாலும் அது தவறாக வேலை செய்யும். மெல்லிய துணியால் துடைத்தாலே சில நேரம் சரியாகிவிடும். சிலர் அதன் மேல் நிரந்தரமாக டேப் ஒட்டிவிடுகிறார்கள். அதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். கையில்லாத நேரத்திலும் மோட்டார் இழுத்துக்கொண்டே இருந்து சூடாகும், பிடி தானாகப் போய் விளிம்பில் மோதும், பல்சக்கரங்கள் தேயும்.

மின்சாரம் கொடுக்கும் முன் அடித்தட்டில் உள்ள லேபிளைப் படியுங்கள். 120 வோல்ட் நாடுகளுக்காக விற்ற கருவியை 230 வோல்ட்டில் சொருகினால் அந்த நொடியே மின்வழங்கி எரிந்துவிடும். அடாப்டர் தனியாக வரும் மாடலாக இருந்தால் வோல்ட், ஆம்பியர், ஏசியா டிசியா என்ற மூன்றும் பொருந்த வேண்டும். பிளக் வடிவம் பொருந்துவதை மட்டும் நம்பக் கூடாது. யூஎஸ்பி ஒயரை மட்டும் சொருகினால் கணினிக்குக் கருவி தெரியலாம், ஆனால் விசை வராது.

எந்த மாடல் என்பதைப் பொறுத்தே மீட்கும் வழியும் இருக்கிறது. ஃபோர்ஸ் ஃபீட்பேக் 2 யூஎஸ்பி வழியாக இணைவது. விசைக்கருவிகளுக்கான பிஐடி என்ற பொது விதிமுறையைப் பின்பற்றுவதால், இன்றைய விண்டோஸ் 10, 11 இரண்டிலும் தனி டிரைவர் இல்லாமலே இயங்கும். 1997-இல் வந்த ஃபோர்ஸ் ஃபீட்பேக் ப்ரோவின் கதை வேறு. அதற்குப் பழைய கணினிகளில் ஜாய்ஸ்டிக்கைச் சொருகும் 15 முள் கேம் போர்ட் வேண்டும், விண்டோஸ் விஸ்டாவோடு கேம் போர்ட்டுக்கான ஆதரவே நின்றுவிட்டது. பலர் மலிவான கேம் போர்ட்-யூஎஸ்பி மாற்றியை வாங்கி ஏமாறுவது இங்கேதான். அந்த மாற்றிகள் பழைய அனலாக் அச்சுகளையும் நான்கு பொத்தான்களையும் மட்டுமே படிக்கும். ப்ரோவோ டிஜிட்டல் முறையில் பேசுவது, விசைக் கட்டளைகளைக் கேம் போர்ட்டின் 12-ஆம் முள்ளில் வரும் மிடி (இசைக்கருவிகளை இணைக்கும் முறை) இணைப்பு வழியாகப் பெறுவது. இதற்கென்றே அடாப்ட்-எஃப்எஃப்பி-ஜாய் என்ற திறமூலத் திட்டம் இருக்கிறது. ஏடிமெகா32யூ4 சிப் கொண்ட டீன்சி 2.0 போன்ற சிறு பலகையில் அந்தத் திட்டத்தின் ஃபர்ம்வேரை (சிப்பில் இயங்கும் நிரலை) ஏற்றி, 15 முள் சாக்கெட் ஒன்றை அதனுடன் சால்டர் செய்தால் போதும். கணினி அதையும் பிஐடி கருவியாகவே பார்க்கும். சால்டர் பிடித்துப் பழகியவருக்கு இது ஒரு மாலை வேலை.

லாஜிடெக் விங்மேன் ஃபோர்ஸ் போன்றவை ஐ-ஃபோர்ஸ் என்ற வேறு நெறிமுறையில் பேசுபவை. அவற்றுக்கு லினக்ஸ் கெர்னலில் (அதன் மையப் பகுதியில்) ஐஃபோர்ஸ் என்ற டிரைவர் இருக்கிறது.

சோதிக்கும்போது அவசரம் வேண்டாம். விண்டோஸின் விளையாட்டுக் கருவிகளுக்கான அமைப்புப் பக்கத்தைத் திறந்து, பிடியை ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு மெதுவாக நகர்த்துங்கள். திரையில் குறி சீராக ஓட வேண்டும். ஓரிடத்தில் மட்டும் துள்ளினால் அந்த அச்சின் பொட்டன்ஷியோமீட்டரில் (பிடியின் நிலையை அளக்கும் பாகத்தில்) தூசியோ தேய்மானமோ இருக்கிறது. பிளாஸ்டிக்கைக் கெடுக்காத காண்டாக்ட் கிளீனரைச் சிறிதளவு தெளித்து, மின்சாரம் இல்லாத நிலையில் 20, 30 முறை முழு எல்லைக்கும் அசைத்தால் தூசி போய்விடும். அதன் பிறகும் துள்ளினால் தேய்மானம்தான், பாகத்தை மாற்றத்தான் வேண்டும். லினக்ஸில் எஃப்எஃப்டெஸ்ட் என்ற சிறு நிரல் நிலையான தள்ளல், அலை, ஸ்பிரிங், தடுப்பு என ஒவ்வொரு விளைவையும் தனித்தனியாக இயக்கிக் காட்டும். ஓர் அச்சில் மட்டும் எந்த விளைவும் வராவிட்டால் அந்த மோட்டாரையும் அதன் ஒயரையும் பாருங்கள். விசை சரியாக இருந்து பொத்தான்கள் மட்டும் விட்டுவிட்டு வேலை செய்தால், பிடியின் கழுத்துப் பகுதியில் ஒயர் முறிந்திருக்க வாய்ப்பு அதிகம். ஆண்டுக்கணக்கில் வளைந்து முறுகுவது அந்த இடம்தான்.

திறக்க வேண்டியிருந்தால் ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. ஃபோர்ஸ் ஃபீட்பேக் 2-இன் அடிப்பாகத்துக்குள் வீட்டு மின்சாரமே நேராக வருகிறது. பிளக்கைக் கழற்றிய பின்னும் மின்தேக்கியில் மின்சாரம் தேங்கி நிற்கும். சிறிது நேரம் விட்டு, மல்டிமீட்டரால் அளந்து, இறங்கிவிட்டது என்று உறுதியான பிறகே கை வையுங்கள். மின்சார வேலை தெரியாதவர்கள் திறக்காமல் இருப்பதே நல்லது.

உள்ளே பெரும்பாலும் காண்பது காய்ந்து பிசினாகிப்போன பழைய கிரீஸ். அதை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்துவிட்டு, பிளாஸ்டிக்குக்கு ஏற்ற சிலிகோன் கிரீஸைப் பற்களில் மெல்லிய படலமாகப் பூசினால் போதும். அப்பி வைத்தால் தூசியைத்தான் சேர்க்கும். துருநீக்கி ஸ்பிரே அடிப்பதை மட்டும் அறவே தவிருங்கள். அது நிலைத்து நிற்கும் மசகும் அல்ல, பொட்டன்ஷியோமீட்டருக்குள் வழிந்து அங்கேயும் கெடுக்கும்.

விளையாட்டில் வைத்துப் பார்க்கும்போதுதான் இந்த உழைப்பின் பலன் கைக்குத் தெரியும். சாதாரண கேம்பேடில் இருப்பது அதிர்வு. ஒரு பக்கம் கனமான எடை சுழன்று பிடியைக் குலுக்கும், அவ்வளவுதான். ஃபோர்ஸ் ஃபீட்பேக் பிடியையே தள்ளும், இழுக்கும், இறுக்கும். விமானம் வேகமெடுக்க எடுக்கப் பிடி கனக்கும். ஸ்டாலுக்கு (இறக்கை தூக்குவிசையை இழக்கும் நிலைக்கு) முன் தளர்ந்து நடுங்கும். டிசிஎஸ் வேர்ல்டு என்ற விமான விளையாட்டில் ஹெலிகாப்டர் ஓட்டுபவர்களுக்கு இது இன்னும் பெரிய பேறு. டிரிம் செய்த இடத்திலேயே, அதாவது கையால் அழுத்தாமலே நிற்கும்படி அமைத்த இடத்திலேயே, பிடி நின்றுவிடும். ஸ்பிரிங் ஜாய்ஸ்டிக்கில் நடுவுக்குத் திரும்பி வந்து மறுபடி பிடித்துக்கொள்ள வேண்டிய அல்லல் இல்லை.

டிசிஎஸ்ஸில் முன்னே தள்ள வேண்டிய விசை பக்கவாட்டில் வந்தால் கருவியைக் குறை சொல்ல வேண்டாம். அச்சு அமைப்புப் பக்கத்தில் உள்ள எஃப்எஃப் டியூனில் அச்சுகளை இடம் மாற்றும் தேர்வைப் போட்டால் சரியாகும். விசை அளவை முழுதாக ஏற்றிவிடுவதும் தவறு. ஸ்பிரிங் விசையே மோட்டாரின் உச்சத்தைத் தொட்டுவிட்டால், அதன் மேல் வரவேண்டிய நடுக்கத்துக்கு இடமே இருக்காது. 70, 80 சதவீதத்தில் தொடங்கிப் பாருங்கள்.

நீண்ட நேரம் ஓட்டும்போது டிரிம்மைச் சரியாக வைத்துக்கொள்ளுங்கள். டிரிம் இல்லாமல் பிடியை ஒரே பக்கம் அழுத்திப் பிடித்திருந்தால், மோட்டார் சுழலாமல் நின்றபடியே மின்னோட்டத்தை இழுத்துச் சூடாகிக்கொண்டே போகும். அடிப்பாகத்தில் கை வைத்துப் பார்த்துச் சூடு தெரிந்தால், ஆற விட்டு மீண்டும் தொடங்குங்கள்.