முட்டை எப்படி கதவ சாத்துது?

"கோடிக்கணக்குல விந்தணு கிளம்புது, எப்படி ஒண்ணு மட்டும் உள்ள போகுது?"ன்னு ஒரு வாசகி கேட்டிருந்தாங்க. முதல்ல வர்றது ஜெயிச்சிரும்னு ஓட்டப்பந்தயம் மாதிரி சொல்லியே நமக்கு பழகிப்போச்சு, ஆனா ஒண்ணோட நிறுத்துறதே முட்டைதான்.

பள்ளிக்கூடத்துல படிச்சதுதான், மாசம் ஒரு முட்டை, கருக்குழாய்ல சந்திப்பு, 23 குரோமோசோம் இங்கருந்து 23 அங்கருந்து. முட்டை சுமார் 0.1 மில்லிமீட்டர், வெறும் கண்ணுக்கே ஒரு புள்ளியா தெரியும்.

விந்தணுவோட தலையில இசுமோன்னு ஒரு புரதம், 2005ல ஜப்பான்ல கண்டுபிடிச்சு கல்யாண வரத்துக்குப் பேர்போன ஒரு கோயிலோட பேர வச்சாங்க. அதப் பிடிச்சுக்கிற ஜூனோங்கிற புரதம் முட்டையோட சவ்வுல இருக்கு, இது 2014ல தெரிஞ்சது, பேரு ரோமானியர்களோட கல்யாண தேவதையோடது. ரெண்டும் கோத்துக்கிட்டாத்தான் ரெண்டு செல்லும் ஒண்ணா சேரும்.

சேர்ந்ததும் நடக்குறதுதான் எனக்கு எத்தன தடவ படிச்சாலும் அலுக்காத விஷயம். உள்ள வந்த விந்தணு ஒரு புரதத்த விடுது, உடனே முட்டை தனக்குள்ள சேத்து வச்சிருந்த கால்சியத்த திறந்து விடுது, அது ஒரு ஓரத்துல கிளம்பி மறு ஓரம் வரைக்கும் அலையா ஓடுது, அடங்கி மறுபடி மறுபடி மணிக்கணக்கா வருது. அந்த அலை பட்டதும் சவ்வுக்கு அடியில காத்திருந்த ஆயிரக்கணக்கான குட்டிப் பைங்க உடைஞ்சு ஒரு நொதிய வெளிய கொட்டுது, அது முட்டையச் சுத்தி இருக்குற உறையில விந்தணு ஒட்டுற புரதத்த வெட்டி விட்ரும், இனி வர்றவங்களுக்கு பிடிமானமே கிடையாது. அதோட ஜூனோவையும் முட்டை சுமார் 40 நிமிஷத்துக்குள்ள சவ்வுலருந்து உதிர்த்திரும்! துத்தநாகம் கூட பொறி மாதிரி வெளிய சிதறும், மனுஷ முட்டையில இத 2016ல படம் பிடிச்சாங்க.

இவ்ளோ அவசரம் ஏன்னா, ரெண்டு விந்தணு உள்ள போனா குரோமோசோம் 69 ஆயிரும், அந்தக் கரு பொதுவா தங்காது.

இவ்ளோ வேலை செய்யுற செல்ல, சும்மா காத்துக்கிட்டு இருக்கும்னு பாடப்புத்தகத்துல இன்னும் எழுதுறத நான் ஒத்துக்க மாட்டேன். பொண்ணு பொறந்தா அம்மாவ குத்தம் சொல்றவங்களுக்கும் ஒண்ணு, முட்டையில எப்பவும் எக்ஸ் குரோமோசோம்தான், பொண்ணுக்கான எக்ஸா ஆணுக்கான ஒய்யான்னு கொண்டு வர்றது விந்தணு.

அதே கால்சியம் அலைக்கு இன்னொரு வேலையும் இருக்கு. ஒரு பெண் தன்னோட அம்மா வயித்துல இருந்தப்பவே அவளோட முட்டை செல் ரெண்டா பிரிய ஆரம்பிச்சு பாதியில நின்னுரும், பல வருஷம் கழிச்சு சினைப்பையிலருந்து வெளிய வர்றப்போ கொஞ்சம் நகர்ந்து மறுபடி நிக்கும். அலை வந்தப்புறம்தான் அந்தப் பிரிவு முடியுது, அந்தப் பெண்ணுக்கு முப்பது வயசுன்னா முப்பது வருஷத்துக்கும் மேல பாதியில கிடந்த வேலை அது.