கம்பெனி பதிவாகிவிட்டது, கூட்டம் எங்கே?

போன ஆவணியில் ஒருநாள், என் தணிக்கை அலுவலகத்தை மூடுகிற நேரத்தில் மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் கையில் ஜவுளிக்கடைப் பை. மேசையில் கொட்டினார்: லேமினேட் செய்த பதிவுச் சான்றிதழ், ரப்பர் ஸ்டாம்ப், பாதி எழுதிய ரசீதுப் புத்தகம், கூட்ட நடவடிக்கைகளைக் குறிக்கும், முதல் நான்கு பக்கம் மட்டும் எழுதப்பட்ட மினிட்ஸ் புத்தகம்.

"பேங்குல லோன் கேட்டுப் போனோம் சார். ரெண்டு வருசமா கணக்கே தாக்கல் ஆகலையாம். அதை முடிச்சிட்டு வாங்கன்னு அனுப்பிட்டாங்க."

மூவரும், விவசாயிகளே பங்கு போட்டு நடத்தும் ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் இயக்குநர்கள். இருவருக்கு மல்லாட்டை, ஒருவருக்கு நெல்லும் கரும்பும். (நிலக்கடலைக்கு எங்கள் பக்கம் மல்லாட்டை என்றுதான் பேர். அப்படியே எழுதுகிறேன்.) உறுப்பினர் 312 பேர், ஆளுக்கு 1,000 ரூபாய்ப் பங்கு, ஆக மூலதனம் 3,12,000 ரூபாய். நான் கால்குலேட்டரை எடுத்தேன். நிறுவனங்கள் பதிவாளரிடம் ஆண்டுக் கணக்கும் ஆண்டறிக்கைப் படிவமும் தாமதமானால் ஒரு படிவத்துக்கு ஒரு நாளைக்கு 100 ரூபாய் கூடுதல் கட்டணம். இதற்கு உச்சவரம்பு கிடையாது. இரண்டு வருடம், வருடத்துக்கு இரண்டு படிவம். ஏறக்குறைய 1,90,000 ரூபாய் வந்தது.

பெரியவர் ஒருவர் அந்தத் தொகையைத் தன் சட்டைப்பையில் இருந்த பீடிக்கட்டின் உறையில் எழுதிக்கொண்டார். பிறகு கேட்டார்: "இது எந்தத் தப்புக்கு சார்?"

பதில் சொல்லப் பத்து நிமிடம் ஆயிற்று. கட்டுரையில் அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தப் பையைப் போல இன்னும் பல பைகளை நான் பார்த்திருக்கிறேன்.

உற்பத்தியாளர் நிறுவனம் என்பது கூட்டுறவுச் சங்கத்துக்கும் தனியார் கம்பெனிக்கும் இடையில் பிறந்த பிள்ளை. பொருளாதார அறிஞர் ஒய்.கே. அலக் தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி 2002ஆம் ஆண்டுத் திருத்தத்தில் பழைய நிறுவனங்கள் சட்டத்துக்குள் வந்தது. 2020 திருத்தத்துக்குப் பிறகு 2013ஆம் ஆண்டுச் சட்டத்தில் அதற்கெனத் தனி அத்தியாயமே இருக்கிறது. பத்து உற்பத்தியாளர்கள் சேர்ந்தால் தொடங்கிவிடலாம். உறுப்பினர்கள் தனிநபர்களாக இருந்தால், ஒரு பங்கு வைத்திருப்பவருக்கும் நூறு பங்கு வைத்திருப்பவருக்கும் ஒரே ஓட்டு. இயக்குநர்கள் ஐந்து முதல் பதினைந்து பேர். உள்தணிக்கை கட்டாயம். முழுநேரத் தலைமைச் செயல் அலுவலர் ஒருவரும் வேண்டும்; அவர் உறுப்பினராக இருக்கக் கூடாது. கூட்டுறவின் மனசு, கம்பெனியின் சட்டை. மனசு விவசாயியுடையது. சட்டைக்கு இஸ்திரி போடுவது யார் என்று யாரும் கேட்பதில்லை.

2020 பிப்ரவரியில் மத்திய அரசு 10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புகள் திட்டத்தைத் தொடங்கியது. சமவெளியில் குறைந்தது 300 உறுப்பினர் வேண்டும். நிர்வாகச் செலவுக்கு மூன்று ஆண்டுகளில் 18 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். உறுப்பினர் போடும் பங்குக்கு இணையாக ஆளுக்கு 2,000 ரூபாய் வரை, நிறுவனத்துக்கு 15 லட்சம் வரை மானியம். தமிழ்நாடு அதற்கு முன்பே, 2017-18இல், கூட்டுப்பண்ணையத் திட்டத்தில் நூறு நூறு சிறு குறு விவசாயிகளைக் குழுவாக்கி, ஒரு குழுவுக்கு 5 லட்சம் ரூபாய் தொகுப்பு நிதி கொடுத்து டிராக்டரும் கருவியும் வாங்க வைத்தது. இதில் எதையும் நான் குறை சொல்லவில்லை. ஆனால் 300 என்ற எண்ணிக்கையை எட்ட வேண்டும் என்ற அவசரத்தில் என்ன நடக்கிறது என்பதை மினிட்ஸ் புத்தகம் காட்டிக்கொடுத்துவிடும்.

அன்று வந்த புத்தகத்தையே எடுத்துக்கொள்வோம். பொதுக்கூட்டத்துக்கு மொத்த உறுப்பினரில் நான்கில் ஒரு பங்கு வந்தால்தான் கோரம், அதாவது கூட்டம் செல்லும், என்கிறது சட்டம். 312க்கு 78. வருகைப் பதிவில் 81 கையெழுத்து இருந்தது. ஆனால் முதல் முப்பது பெயர்கள் ஒரு நீலப் பேனாவில், ஒரே சாய்வில். அடுத்து வந்த கைநாட்டுகள் எல்லாம் ஒரே தெருப் பெயருக்கு எதிரே. ஆள் கூட்டத்துக்கு வரவில்லை, புத்தகம்தான் ஆளைத் தேடித் தெருத்தெருவாகப் போயிருக்கிறது. கேட்டேன். சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்கள். "நடவு நேரம் சார், யாரு வருவா?"

தொடக்க விழாவின் புகைப்படமும் பையில் இருந்தது. பேனரில் ஒரு வங்கி, ஒரு துறை, ஒரு தொண்டு நிறுவனம், ஒரு கல்லூரி என வரிசையாக முத்திரைகள். அந்த நான்கு பேரும் அந்தக் கம்பெனிக்கு என்ன செய்ய ஒப்புக்கொண்டார்கள் என்று கேட்டேன். மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கணக்கு தாக்கல் செய்வது? "அது அவங்க பார்த்துக்கறேன்னாங்க." யார் அந்த 'அவங்க'? கம்பெனியை உருவாக்கிக் கொடுத்த அமைப்பு. அந்த அமைப்பின் ஒப்பந்தக் காலம் முடிந்தது. வந்து போன பையனின் எண்ணும் மாறிவிட்டது. திட்டத்தில் தலைமைச் செயல் அலுவலருக்கு மாதம் 25,000 ரூபாய் வரை சம்பளம் கிடைத்துவந்தது. அதுவும் நின்ற மாதமே அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார்.

இங்கே ஒரு பழைய கதை நினைவுக்கு வருகிறது. மதராஸ் மாகாணத்து விவசாயிகள் கடனில் இருந்து மீள என்ன வழி என்று ஆராய்ந்த ஃபிரடெரிக் நிக்கல்சன் 1890களில் பெரிய அறிக்கை ஒன்று எழுதினார். அவ்வளவு பக்கங்களின் சாரமாக இன்றும் சொல்லப்படுவது ஒரே வரி: "ரைஃபைசனைக் கண்டுபிடியுங்கள்." ரைஃபைசன் ஜெர்மனியில் கிராமக் கடன் சங்கங்களைக் கட்டி எழுப்பியவர். ஊருக்குள் நின்று பொறுப்பேற்கும் ஒரு மனிதரை முதலில் தேடுங்கள் என்றார் நிக்கல்சன். 1904இல் கூட்டுறவுச் சட்டம் வந்தது; அதே ஆண்டு திருவள்ளூர் பக்கம் திரூரில் சங்கம் பதிவானது. நூற்றிருபது ஆண்டு கழித்து நாம் முதலில் தேடுவது பான் கார்டை.

இதே வட்டாரத்தில், பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி, இன்னொரு நிறுவனத்துக்கும் நான்தான் தணிக்கை. அதன் கதையில் பெரிய திருப்பம் ஏதுமில்லை. முதல் இரண்டு போகத்துக்கு அவர்கள் ஒரே ஒரு வேலைதான் செய்தார்கள்: எடை போட்டார்கள். தகரக் கொட்டகைக்குக் கீழே ஒரு எலக்ட்ரானிக் தராசு. செவ்வாயும் வெள்ளியும் யார் மல்லாட்டை மூட்டை கொண்டுவந்தாலும் எடை பார்த்துச் சீட்டு கொடுப்பது. வாங்குவதில்லை, விற்பதில்லை.

முதலில் இது எனக்கே வேடிக்கையாக இருந்தது. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை போய் நின்று பார்த்தேன். ஓர் அம்மா, வயது அறுபது இருக்கும், நான்கு மூட்டை கொண்டுவந்திருந்தார். சீட்டை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, "களத்துல வந்து எடுத்தவன் மூட்டைக்கு ரெண்டு கிலோ முழுங்கியிருக்கான்" என்றார், யாரிடமும் குறிப்பாகச் சொல்லாமல். பக்கத்தில் நின்ற வியாபாரி காய் ஒன்றை எடுத்துக் காதருகே குலுக்கினார். காய்ந்த காயில் பருப்பு கலகலவென்று ஆடும், ஈரக் காய் சத்தம் போடாது. அவருக்குக் காதுதான் கருவி. கொட்டகைக்காரர்களிடம் வேளாண் அறிவியல் நிலையம் இரவல் கொடுத்த ஈரமானி இருந்தது. இரண்டும் ஏறக்குறைய ஒன்றையே சொன்னபோது வியாபாரிக்கும் திருப்தி, அந்த அம்மாவுக்கும் திருப்தி. ஈரம் எட்டு விழுக்காட்டைத் தாண்டி மூட்டை கட்டினால் பூஞ்சை பிடிக்கும், அஃப்ளடாக்சின் நஞ்சு வரும், பெரிய ஆலைக்காரர்கள் லாரியோடு திருப்பி அனுப்புவார்கள். குறித்த கிழமையில் ஒரே இடத்தில் மூட்டைகள் சேரவே, மூன்றாவது போகத்தில் கமிட்டிக்கு (ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு) வரும் வியாபாரிகளில் நான்கு பேர் தாங்களே கொட்டகைக்கு வந்து விலை கேட்டார்கள்.

கவனித்தீர்களா, வியாபாரியை அவர்கள் விரட்டவில்லை. மேடையில் ஏறினால் எல்லோரும் 'இடைத்தரகரை ஒழிப்போம்' என்கிறார்கள். அந்த மனிதர் விதைக்கு முன்பணம் தருகிறார். ராத்திரி பதினொரு மணிக்கும் களத்துக்கு வண்டி அனுப்புகிறார். பெண்ணுக்குச் சீர் செய்யப் பணம் வேண்டுமென்றால் அன்றைக்கே தருகிறார். அதற்கெல்லாம் கூலியை எடையிலும் வட்டியிலும் எடுத்துக்கொள்கிறார், கொஞ்சம் கூடுதலாகவே. கம்பெனி அந்த வேலைகளில் ஒன்றையாவது செய்யாதவரை விவசாயி அவரிடம்தான் போவார். போவதில் தப்பும் இல்லை.

இங்கேதான் அந்த 1,90,000 ரூபாயின் பொருள் புரியும். அறுவடை நாளில் கையில் காசு கொடுக்க வேண்டுமானால் கம்பெனிக்கு நடைமுறை மூலதனம் வேண்டும். மூன்று லட்சம் பங்குப் பணம் ஒரு லாரி மல்லாட்டைக்கே காணாது. வங்கிதான் வழி. உழவர் நிறுவனங்களின் 2 கோடி ரூபாய் வரையான திட்டக் கடனுக்கு அரசின் கடன் உத்தரவாதம் இருக்கிறது. அதற்கு வங்கி மேலாளர் முதலில் கேட்பது தாக்கல் செய்த கணக்கு. கணக்கு தாக்கல் ஆகவில்லையென்றால் கடன் இல்லை. கடன் இல்லையென்றால் 'பத்து நாள் பொறுங்க' என்று விவசாயியிடம் சொல்ல வேண்டும். அதைச் சொன்ன அன்றே மூட்டை வியாபாரி வண்டியில் ஏறிவிடும். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: தொடர்ந்து மூன்று ஆண்டு தாக்கல் செய்யாவிட்டால் இயக்குநர்கள் ஐந்து ஆண்டுக்குத் தகுதியிழப்பார்கள். அன்று வந்த மூவருக்கும் அந்தக் கெடுவுக்கு ஓர் ஆண்டுதான் மிச்சம்.

எடைக்கொட்டகை நிறுவனத்தின் கோப்பில் எனக்கு மிகவும் பிடித்த காகிதம் ஒன்று உண்டு. கூட்டுறவுக் கடன் சங்கத்தின் கிடங்கு (ஊரில் சொசைட்டி குடோன்) பாதி வருடம் காலியாகக் கிடந்தது. அதைக் கேட்டு வாங்க எட்டு மாதம் ஆயிற்று. சொசைட்டிக்குப் பயம், இந்தக் கம்பெனி நம் ஆட்களை இழுத்துக்கொள்ளுமோ என்று. கடைசியில் ஒரே பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். மின் கட்டணம் கம்பெனி கட்டும். சாவி இரண்டு, ஒன்று சொசைட்டிச் செயலரிடம், ஒன்று கொட்டகையில். கூரை ஒழுகினால் சொசைட்டி. எலி தின்றால் கம்பெனி. யூரியா வரும் மாதத்தில் பாதி இடத்தைக் காலி செய்து தர வேண்டும். காய் தரம் பிரிக்கும் மகளிர் குழுவுக்கு மூட்டைக் கணக்கில் கூலி, சனிக்கிழமை சாயங்காலத்துக்குள். இந்தக் கடைசி வரி பின்னால் சேர்க்கப்பட்டது. முதல் ஆண்டு கூலி பதினைந்து நாள் தள்ளிப்போக, பெண்கள் சத்தமில்லாமல் நூறு நாள் வேலைக்குப் போய்விட்டார்கள். பிரிக்காத காய் அம்பாரமாய்க் கிடந்தது.

பெரிய மனிதர்கள் கையெழுத்திட்ட புரிந்துணர்வு ஒப்பந்தங்கள் பலவற்றைப் படித்திருக்கிறேன். 'பிராந்திய வளர்ச்சிக்கு இணைந்து பாடுபடுதல்' என்று இருக்கும். எலி யார் கணக்கு என்று ஒன்றிலும் இருக்காது.

பங்கு போடப்போகிறவர்களுக்குச் சில வார்த்தை. இந்தப் பங்கு, பங்குச் சந்தைப் பங்கு போல விலை ஏறாது. 'ஆயிரம் போடு, மூன்று வருடத்தில் மூவாயிரம்' என்று யாராவது சொன்னால் அவருக்குச் சட்டம் தெரியாது, அல்லது நன்றாகவே தெரியும். பங்கை இன்னொரு செயல்படும் உறுப்பினருக்கு, இயக்குநர் குழு ஒப்புதலோடு, முக மதிப்புக்கு, அதாவது பங்கில் எழுதியிருக்கும் விலைக்குத்தான் மாற்ற முடியும். லாபத்தில் பங்குத்தொகைக்குக் கிடைப்பது ஒரு வரம்புக்குள்தான். அதற்குமேல் ஊக்கத்தொகை கிடைப்பது நீங்கள் கம்பெனியோடு எவ்வளவு வியாபாரம் செய்தீர்கள் என்பதைப் பொறுத்து. மூட்டை போடாதவருக்கு ஊக்கத்தொகையில் பேச்சே இல்லை. இயக்குநருக்கோ அவர் சொந்தக்காரருக்கோ கம்பெனிப் பணத்தில் கடன் கொடுப்பதென்றால் பொதுக்கூட்டம் ஒப்புக்கொள்ள வேண்டும். அதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. எண்ணெய் ஆட்டிப் பாட்டிலில் அடைத்து விற்கும் ஆசை வந்தால், உணவுப் பாதுகாப்பு உரிமமும் ஜிஎஸ்டியும் கூடவே வரும். பெரும்பாலும் அந்த ஆசை ஓரிரு வருடம் கழித்து வந்தால் நல்லது.

பை கொண்டுவந்த மூவர் என்ன ஆனார்கள் என்று கேட்பீர்கள். கட்டணத்துக்குப் பங்குப் பணத்தைத் தொடக்கூடாது என்றார் பீடி உறைப் பெரியவர். பத்து இயக்குநர்களில் ஏழு பேர் கைக்காசு போட்டுக் கம்பெனிக்குக் கடனாகக் கொடுத்தார்கள். மூன்று பேர் போனையே எடுக்கவில்லை. விடுபட்ட கணக்குகளை முடிக்கவே ஐப்பசி ஆகிவிட்டது. அதை வைக்கப் பொதுக்கூட்டம் போட வேண்டும், இந்தமுறை நிஜமாகவே. கல்யாண மண்டபம் வேண்டாம், பால் சொசைட்டி வாசலில், காலைப் பால் ஊற்ற வரும் நேரத்தில் வையுங்கள் என்றேன். நானும் போயிருந்தேன். கேனோடு நின்றவர்களையும் சேர்த்து எண்ணினோம். எழுபது, எழுபத்தொன்று என்று தேங்கி, இன்னொரு வண்டி வந்து நின்றதும் 84 ஆயிற்று.

கணக்கை வாசித்து முடித்ததும் பின்னால் இருந்து ஒரு பாட்டி எழுந்தார். "ஏம்பா, அந்த ஆயிரம் ரூவா என்னதான் ஆச்சு? அதைச் சொல்லு மொதல்ல."

மினிட்ஸ் எழுதிய பையன், 'பங்குத்தொகை குறித்து உறுப்பினர் ஒருவர் விளக்கம் கோரினார்' என்று தொடங்கினான். அதை அடித்துவிட்டு, பாட்டி கேட்டதைக் கேட்டபடியே எழுதச் சொன்னேன். எழுதினான். இயக்குநர்கள் பதில் சொல்லத் தொடங்கியபோது மணி ஏழரை. பால் வண்டி கிளம்பிப் போயிருந்தது, ஆட்கள் போகவில்லை.