தள்ளுபடி விலையில் விண்டோஸ்: பணம் கட்டுமுன் கவனிக்க வேண்டியவை

ஆடி பிறந்துவிட்டால் திருநெல்வேலி டவுன் ரத வீதிகளில் கால் வைக்க இடம் இருக்காது. தள்ளுபடி என்ற சொல்லுக்கு நம் ஊரில் அப்படியோர் இழுப்பு உண்டு. அதில் தவறும் இல்லை. ஏனென்றால் அங்கே சேலையை விரித்து, முந்தியைத் தடவி, சாயம் போகுமா என்று நாலு முறை கேட்ட பிறகுதான் பணத்தை எடுக்கிறோம். கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருளான இயங்குதளத்தை, அதாவது விண்டோஸைத் தள்ளுபடியில் வாங்கும்போது விரித்துப் பார்க்க எதுவும் இல்லை. கைக்கு வருவது எழுத்தும் எண்ணும் கலந்த இருபத்தைந்து குறிகள் கொண்ட ஒரு வரி மட்டுமே. சாவி என்பது அதைத்தான்.

பாளையங்கோட்டையில் கணினி பழுதுபார்க்கும் கடை நடத்துகிறவன் என்ற முறையில், 2025 அக்டோபருக்குப் பிறகு தள்ளுபடி விலையில் விண்டோஸ் வாங்கலாமா என்று யாராவது என்னிடம் கேட்காத வாரம் இல்லை. அந்த மாதம் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. அதையொட்டி எல்லோர் வாட்ஸ்அப்பிலும் ஒரு விளம்பரம் சுற்றத் தொடங்கியது. நகலகமும் ஆன்லைன் விண்ணப்பச் சேவையும் நடத்தும் ஓர் அக்கா அதைக் காட்டுவதற்காகவே கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். விண்டோஸ் 11 புரோ, ஆயுள் முழுவதற்கும், 499 ரூபாய். "தம்பி, ராத்திரி பன்னிரண்டு மணிக்குள்ள பணம் கட்டணுமாம். கட்டிரட்டுமா?" என்று கேட்டார்.

நான் திருப்பிக் கேட்டது, அவருடைய கணினியை வாங்கும்போதே முறையான விண்டோஸ் 10 அதில் இருந்ததா என்பதைத்தான். இருந்தது, 2019இல் பில்லோடு வாங்கிய கணினி அது. அப்படியானால், கணினி தகுதியுடையதாக இருக்கும் பட்சத்தில், விண்டோஸ் 11க்கு மாற அவர் ஒரு பைசாவும் கொடுக்க வேண்டியதில்லை. 2021 அக்டோபர் 5ஆம் தேதி விண்டோஸ் 11 வெளியான நாள் முதல், முறையான விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு அது இலவச மேம்படுத்தலாகவே வழங்கப்படுகிறது. ஏற்கெனவே அவருக்கு உரிமையான ஒன்றைத்தான் அந்த விளம்பரம் தள்ளுபடி போட்டு அவருக்கே விற்கப் பார்த்தது.

தள்ளுபடி எவ்வளவு என்பது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. அதற்கு முன், மாறியே ஆக வேண்டுமா என்பது தெரிய வேண்டும். ஆதரவு நின்றுவிட்டது என்றால் கணினி மறுநாள் படுத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி எதுவும் ஆகாது. பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது நின்றுபோகும், அவ்வளவுதான். ஆனால் அது சிறிய விஷயமும் அன்று. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற பிணைத்தொகை வைரஸ் உலகம் முழுவதும் கணினிகளை முடக்கியபோது, அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம், ஆதரவில் இருந்த பதிப்புகளுக்கு அந்த ஆண்டு மார்ச் மாதமே வந்துவிட்டிருந்தது. அதைப் போட்டுக்கொள்ளாத கணினிகளே மாட்டிக்கொண்டன. ஊராருடைய ஆதார் நகலும் வங்கிப் புத்தகமும் நாள் முழுக்க வந்துபோகும் அக்காவின் கணினி திருத்தம் இல்லாமல் இணையத்தில் இருப்பது ஆபத்து. எடைமேடையில் இணைய வயரே செருகாமல் லாரி எடையை மட்டும் அச்சடித்துக்கொண்டிருக்கும் கணினிக்கு அந்த அவசரம் கிடையாது. அதை வேலை செய்யும்வரை தொடாமல் விடுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

உடனே மாற முடியாதவர்களுக்கு ஓர் இடைவழி உண்டு. விண்டோஸ் 10இன் 22எச்2 பதிப்பு உள்ள வீட்டுக் கணினிகளுக்கு, 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்களை நீட்டித்துப் பெறும் திட்டம் ஒன்றை மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. அதற்குக் கட்டணம் 30 டாலர். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அமைப்புகளைக் காப்புப் பிரதி எடுக்கச் சம்மதித்தால் அதுவும் இல்லை. அலுவலகங்களுக்கான கணக்கு வேறு, கட்டணமும் அதிகம். இது வாங்கித் தரும் கால அவகாசத்தை வைத்து நிதானமாக முடிவெடுக்கலாம்.

அடுத்தது கணினியின் தகுதி. இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைச் செயலி அல்லது அதற்குப் பிந்தியது, 4 ஜி.பி. நினைவகம், 64 ஜி.பி. இடம், நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்க விடும் செக்யூர் பூட் வசதி, டி.பி.எம். 2.0 எனப்படும் பாதுகாப்புச் சில்லு ஆகியவை வேண்டும். தலைமுறையை அறிய நிபுணர் யாரும் தேவையில்லை. ஐ5-7400 என்றால் ஏழாம் தலைமுறை, ஐ5-8400 என்றால் எட்டு, ஐ5-10400 என்றால் பத்து. கோட்டுக்கு அடுத்து வரும் எண்ணைப் பார்த்தால் போதும். டி.பி.எம். இல்லை என்று சோதனை மென்பொருள் சொன்னால் உடனே நம்பிவிட வேண்டாம். பெரும்பாலும் அது செயலியோடு சேர்ந்தே இருக்கும், பயாஸில், அதாவது விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை அமைப்பில், அணைக்கப்பட்டிருக்கும். அக்காவின் ஐ3-8100 கணினியிலும் அப்படித்தான். கணினியைத் திறந்த கையோடு டெலீட் விசையைத் தட்டி பயாஸுக்குள் போய், பி.டி.டி. (இன்டெல் செயலியில் டி.பி.எம்.முக்கு உள்ள பெயர்) என்ற வரியை இயக்கிவிட்டு வெளியே வந்ததும், அதுவரை சிவப்பில் இருந்த குறி பச்சையாகிவிட்டது. ஏ.எம்.டி. செயலிகளில் அதே வரி எஃப்.டி.பி.எம். என்ற பெயரில் இருக்கும்.

தகுதி இல்லாத கணினியில் சோதனையை ஏமாற்றி விண்டோஸ் 11ஐ ஏற்றும் குறுக்கு வழிகள் யூடியூபில் நிறைய இருக்கின்றன. வாடிக்கையாளர் கணினியில் நான் அதைச் செய்வதில்லை. அத்தகைய கணினிகளுக்குப் பிந்தைய திருத்தங்கள் வந்துசேரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை, பிறகு மாறியதன் பயன்தான் என்ன? 2011 முதல் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு அரசு கொடுத்த மடிக்கணினிகள் நம் பக்கத்து வீடுகளில் இன்னும் பரண் ஏறாமல் இருக்கின்றன. அவற்றில் தொடக்க ஆண்டுகளில் வந்தவை எட்டாம் தலைமுறைக்கு வெகு முந்தியவை. அவற்றுக்கு எந்தத் தள்ளுபடியும் உதவாது. லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளம் ஒன்றைப் போட்டால் பிள்ளைகள் படிக்கவும் தட்டச்சு செய்யவும் தாராளமாகப் போதும்.

இனி அந்த 499 ரூபாய்க்கு வருவோம். விண்டோஸ் உரிமத்தில் முக்கியமாக மூன்று வகை உண்டு. கணினியோடு வருவது ஓ.இ.எம்.; அது அந்தக் கணினியின் மதர்போர்டோடு, அதாவது பாகங்களெல்லாம் பொருந்தும் முதன்மைப் பலகையோடு, பிணைந்தது. தனியாக வாங்குவது ரீட்டெய்ல். அதை வேறு கணினிக்கு மாற்றிக்கொள்ளலாம். நிறுவனங்கள் மொத்தமாக வாங்குவது வால்யூம் லைசென்ஸ்; அதை வெளியாருக்கு விற்கக் கூடாது. ரீட்டெய்லில் ஹோம் பதிப்பின் அறிவிக்கப்பட்ட அமெரிக்க விலை 139 டாலர், புரோ 199 டாலர் என்றிருக்க, சில நூறு ரூபாய்க்கு விற்கப்படும் சாவிகள் எங்கிருந்து வருகின்றன என்று யோசித்தாலே பாதி புரிந்துவிடும். ஏதோ ஒரு நிறுவனத்தின் மொத்தச் சாவியாக இருக்கும், அல்லது கழித்துப்போட்ட கணினிகளிலிருந்து எடுத்ததாக இருக்கும். அவற்றைப் போட்டால் விண்டோஸ் ஆக்டிவேட் ஆகத்தான் செய்யும், அதாவது சாவியை ஏற்றுக்கொள்ளும். ஆக்டிவேட் ஆவதும் உரிமம் கிடைப்பதும் ஒன்றல்ல என்பதே இங்கே பலருக்கும் பிடிபடாத இடம்.

2023 டிசம்பரில் தாமிரபரணி கரை புரண்டு ஜங்ஷன் பகுதி நீரில் நின்றபோது, மேசைக்கடியில் இருந்த சி.பி.யு. பெட்டிகள் சேறும் சகதியுமாக எங்கள் கடைக்கு வந்தன. பலவற்றுக்கு மதர்போர்டையே மாற்ற வேண்டியிருந்தது; மாற்றியதும் ஓ.இ.எம். உரிமம் போய்விட்டது. அப்போது ஒரு கணக்காளர் அலுவலகத்தில், செலவு ஏற்கெனவே கையை மீறிவிட்டதால், ஆறு கணினிகளுக்கும் இணையத்தில் மலிவான சாவிகளை வாங்கிப் போட்டார்கள். சில மாதங்களில் நான்கு கணினிகளின் திரை மூலையில் 'விண்டோஸை ஆக்டிவேட் செய்யவும்' என்ற சாம்பல் நிற வரி வந்து உட்கார்ந்துகொண்டது. விற்றவரின் எண் அணைக்கப்பட்டிருந்தது, ரசீதும் கிடையாது. ஜி.எஸ்.டி. பில் கொடுக்காதவரிடம் உரிமம் வாங்காதீர்கள் என்று நான் அடித்துச் சொல்வது அதற்குப் பிறகுதான். இதைவிட மோசம், சாவியே இல்லாமல் ஆக்டிவேட் செய்து தரும் ஆக்டிவேட்டரை, ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு ஓட்டுங்கள் என்று சொல்லும் வழி. காவல்காரனை முதலில் வீட்டுக்கு அனுப்பிவிடு என்று சொல்கிறவரை எதற்காக உள்ளே விட வேண்டும்?

உண்மையான விற்பனையாளர் தரும் உண்மையான தள்ளுபடி என்றாலும், வாங்கும் பதிப்பு தேவைதானா என்று பாருங்கள். தொலைவிலிருந்து தன் கணினிக்குள் நுழைந்து வேலை பார்ப்பவருக்கும், அலுவலகக் கணினிகளை ஒன்றாக நிர்வகிக்கும் டொமைனில் இணைக்க வேண்டியவருக்கும் புரோ தேவை. நகலகத்துக்கு ஹோம் போதும்.

உரிமமும் தகுதியும் சரியாக இருந்தும் கெட்டுப்போன கதை ஒன்று உண்டு, அதில் தவறு முழுக்க என்னுடையது. விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரி 14இல் முடிந்த சமயத்தில், டவுனில் ஓர் அரிசி மண்டியின் கணினிக்கு விண்டோஸ் 10 புரோ போட்டுக் கொடுத்தேன். முறையான உரிமம், நல்ல தள்ளுபடி. புதிதாகப் போடுகிறோமே என்று, ஒரே நேரத்தில் கூடுதல் தகவலைக் கையாளும் 64 பிட் பதிப்பைப் போட்டேன். மறுநாள் காலை மண்டி அண்ணாச்சி பில் போட உட்கார்ந்தபோது, இருபது ஆண்டுகளாக அவர் கை பழகியிருந்த ஃபாக்ஸ்புரோ பில்லிங் மென்பொருள் திறக்கவே இல்லை. அது விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயங்குதளக் காலத்து 16 பிட் நிரல். 64 பிட் விண்டோஸில் அது ஓடாது. வாசலில் மூட்டை ஏற்றிய லாரி நிற்கிறது, டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் தொடர்தாள் மாட்டியபடி இருக்கிறது, அண்ணாச்சி ஒன்றும் பேசாமல் பெட்டியடியிலிருந்து பழைய பில் புத்தகத்தையும் கார்பன் தாளையும் எடுத்தார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. அதே உரிமம் 32 பிட் பதிப்புக்கும் செல்லும் என்பதால் அன்று மாலைக்குள் மாற்றிப் போட்டுவிட்டேன். ஆனால் விண்டோஸ் 11க்கு 32 பிட் பதிப்பே கிடையாது. ஆகவே அவர் இப்போது ஒதுக்க வேண்டிய பணம் இயங்குதளத்துக்கு அல்ல, புதிய பில்லிங் மென்பொருளுக்கு என்று சொல்லியிருக்கிறேன்.

அன்று முதல், வேலையைத் தொடங்குமுன் அந்தக் கணினியில் நாள்தோறும் திறக்கும் மென்பொருள்களை வாடிக்கையாளரையே உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்து காட்டச் சொல்கிறேன். பழைய பிரிண்டர், ஸ்கேனர், ஆடிட்டர்கள் செருகும் டிஜிட்டல் கையொப்ப டோக்கன், யுனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் தட்டச்சு செய்த பத்திரங்கள் என்று ஒவ்வொன்றும் அப்போதுதான் வெளியே வரும்.

இன்று இரவோடு முடிகிறது என்ற அவசரத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2012 அக்டோபர் 26இல் விண்டோஸ் 8 வெளிவந்தபோது, 2013 ஜனவரி 31 வரை மட்டுமே என்று சொல்லி 39.99 டாலருக்குப் புரோ மேம்படுத்தல் விற்கப்பட்டது. அதை வாங்காமல் விண்டோஸ் 7இலேயே இருந்தவர்களுக்கு 2015 ஜூலை 29 முதல் ஓராண்டுக் காலம் விண்டோஸ் 10 இலவசமாகக் கொடுக்கப்பட்டது. காத்திருந்தவருக்கு அன்று ஒன்றும் குறைந்துவிடவில்லை.

அக்காவின் கணினியில் ஹார்டு டிஸ்க் பழையது, அதில் விண்டோஸ் 11 ஊர்ந்துதான் போயிருக்கும். அதனால் ஹார்டு டிஸ்க்கைவிட வேகமான எஸ்.எஸ்.டி. சேமிப்பகம் ஒன்றை மட்டும் புதிதாக வாங்கச் சொல்லி, அதில் புதிதாக ஏற்றினேன். நடுவில் சாவியைக் கேட்கும் திரை வந்ததும் அக்கா தம் கைபேசியை எடுத்தார். நான் 'என்னிடம் சாவி இல்லை' என்ற வரியைச் சொடுக்கிவிட்டு, முன்பிருந்த அதே ஹோம் பதிப்பைத் தேர்ந்தெடுத்தேன். வேலை முடிந்து இணையத்தை இணைத்ததும் மதர்போர்டை அடையாளம் கண்டு அது தானாகவே ஆக்டிவேட் ஆனது. புதிதாக ஏற்றும்போது சில கணினிகளில் வட்டு தானாகவே பூட்டிக்கொள்ளும் என்பதால், அதற்கான 48 இலக்க மீட்பு எண்ணை அவருடைய நகல் கடன் நோட்டின் பின்னட்டையில் எழுதிக்கொள்ளச் சொன்னேன். பழைய ஹார்டு டிஸ்க்கை அழிக்காமல் தேதி எழுதி உறையில் போட்டுக் கொடுத்தேன். மூன்று மாதம் அது பீரோவில் இருக்கட்டும், ஏதாவது விட்டுப்போயிருந்தால் அப்போது எடுத்துக்கொள்ளலாம்.