அடங்கலில் பருத்தி, காட்டில் மக்காச்சோளம்

மூன்று வருடங்களுக்கு முன்னால் ஒரு ஆடி மாதம். பெரம்பலூர் பக்கத்துக் கரிசல் காட்டுக்காரர் ஒருவர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். பலகையில் வேளாண்மை விரிவாக்க மையம் என்று எழுதியிருக்கும், ஊருக்குள் கேட்டால் டெப்போ. கையில் இருந்த மஞ்சள் பையை மேசையில் கவிழ்த்தார். காப்பீட்டு ரசீது, நிலம் யாருடையது என்று காட்டும் சிட்டா, அதில் இந்த வருடம் என்ன பயிர் என்று காட்டும் அடங்கல், வங்கிப் புத்தக நகல், ஆதார் எல்லாம் விழுந்தன.

"பக்கத்துக் காட்டுக்காரனுக்குப் பணம் ஏறிருச்சு சார். எனக்கு மட்டும் ஏறல. ஒரே மழையிலதானே ரெண்டு பேருக்கும் போச்சு?"

ரசீதை எடுத்துப் பார்த்தேன். பயிர் என்ற இடத்தில் பருத்தி என்று இருந்தது. அவர் போட்டதோ மக்காச்சோளம். முந்தைய வருடம் பருத்தி போட்டவர், அந்த அடங்கலையே மறுபடியும் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். கணினி மையத்தில் இருந்த பையன் தாளில் உள்ளதை அப்படியே பதிந்துவிட்டான். கட்டிய பிரீமியத்தைப் பார்த்திருந்தால் அன்றைக்கே பிடித்திருக்கலாம். ராபி (குளிர்காலப்) பருவ மக்காச்சோளத்துக்கு விவசாயி கட்ட வேண்டியது காப்பீட்டுத் தொகையில் 1.5 விழுக்காடு. பருத்திக்கு 5 விழுக்காடு. கூடுதல் விகிதத்தில் பணம் கட்டி, காட்டில் இல்லாத பயிருக்குக் காப்பீடு வாங்கியிருந்தார். அந்த நிலையில் என்னால் செய்ய முடிந்தது, ஒரு டீ வாங்கிக் கொடுத்ததுதான்.

"மக்காச்சோளத்துக்கு கவர்மென்ட் என்ன செஞ்சிருக்கு" என்று யாராவது கேட்டால் எனக்கு அந்த மஞ்சள் பைதான் நினைவுக்கு வரும். திட்டங்கள் இருக்கின்றன. அவற்றில் ஓட்டைகளும் உண்டு, மறைக்கப் போவதில்லை. ஆனால் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து வருத்தப்பட்டவர்களில் தகுதி இல்லாதவர்கள் குறைவு. நாள் தவறி வந்தவர்களும் தாள் தவறிப் போனவர்களும்தான் அதிகம்.

விதையிலிருந்தே ஆரம்பிக்கலாம். 2025 மார்ச்சில் வாசித்த மாநில வேளாண் பட்ஜெட்டில் மக்காச்சோள உற்பத்தியைப் பெருக்க என்றே 40.27 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள், 1.87 லட்சம் ஏக்கருக்கு. அதற்கு முன்பிருந்தே மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு இயக்கத்தில், விவசாயியின் நிலத்திலேயே பயிர் செய்து காட்டும் செயல்விளக்கத் திடல்கள் உண்டு. இவ்வளவு அக்கறை எதற்கு என்றால், நாமக்கல், பல்லடம் கோழிப் பண்ணைகளுக்குத் தேவைப்படும் தீவனத்துக்கு நம் மாநில விளைச்சல் போதாமல் வெளி மாநிலங்களிலிருந்து லாரி லாரியாக வந்து இறங்குகிறது. இப்போது எத்தனால் ஆலைகளும் மக்காச்சோளத்தை வாங்குகின்றன. கேட்க ஆள் இருக்கும் பயிர் இது.

மானியத்தில் வரும் விதை கணக்கான மூட்டைதான். ஆடியில் வந்து பெயர் கொடுத்து, சிட்டாவும் ஆதாரும் தந்துவிட்டுப் போனவருக்கு முதலில் கிடைக்கிறது. எங்கள் ஊர்ப் பழக்கமோ வேறு. புரட்டாசியில் மழை விழும், மறுநாள் காலையில் டெப்போ வாசலில் நாற்பது வண்டி நிற்கும். அன்றைக்கு நான் எந்த மூட்டையைப் பிரித்து யாருக்குக் கொடுப்பேன்? இப்போது விவசாயிகளுக்குத் தனி அடையாள எண் வேறு வந்திருக்கிறது. அதை எடுக்காதவர்கள் பட்டா, ஆதார், ஆதாரோடு இணைத்த செல்போனை எடுத்துக்கொண்டு விதைப்பு நெருக்கத்துக்கு முன்னால் வந்துவிடுங்கள். பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருந்தால் அது தனிக் கதை, ஒரு வாரத்தில் முடியாது.

விதை மானியத்தில் வந்தாலும் படைப்புழுவை மறந்தால் எல்லாம் வீண். 2018 மே மாதம் கர்நாடகத்தில் கண்ட இந்த அமெரிக்கப் புழு, அதே வருட விதைப்புப் பட்டத்தில் எங்கள் காடுகளுக்கும் வந்துவிட்டது. அந்த வருடத்தை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்கும். என்ன புழு என்று எங்களுக்கே பிடிபட நாளானது. மருந்துக் கடையில் கொடுத்ததையெல்லாம் கலந்து அடித்தார்கள். பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசு நிவாரணம் கொடுத்தது, ஆனால் போன விளைச்சலுக்கு நிவாரணம் ஈடாகுமா?

இதில் அடிக்கடி பார்க்கும் காட்சி ஒன்று. ஐம்பது நாள் பயிரைப் பிடுங்கிக் கேரிபேக்கில் சுருட்டிக்கொண்டு ஒரு அக்கா வருவார். குருத்தைப் பிரித்தால் ஈர மரத்தூள் மாதிரி புழுவின் கழிவு அப்பிக் கிடக்கும். அதற்கு அடியில் கட்டை விரல் நீளத்துக்குப் புழு படுத்திருக்கும். தலையில் தலைகீழ் 'ஒய்' வடிவக் கோடு, வால் பக்கம் சதுரமாக நாலு புள்ளி. "எந்த மருந்து சார் கேக்கும்?" என்பார். அந்த அளவு முற்றிய புழுவுக்கு, அந்தக் கழிவு மூடிக்கு அடியில், எதுவும் சுலபமாகக் கேட்காது. அவர் வந்திருக்க வேண்டியது பதினைந்தாம் நாள். அப்போது இலையில் குண்டூசி ஓட்டைகள் தெரியும், பச்சையம் சுரண்டப்பட்டு வெள்ளை வெள்ளையாகக் கண்ணாடி போல இருக்கும். முதல் தெளிப்பு 15 முதல் 20 நாளுக்குள், சாயங்கால வேளையில், குருத்துக்குள் இறங்கும்படி. வேம்பு மருந்தான அசாடிராக்டின் 1500 பிபிஎம் என்றால் லிட்டருக்கு 5 மில்லி, புழு கூடுதலாக இருந்தால் எமாமெக்டின் பென்சோயேட் 5 எஸ்.ஜி. லிட்டருக்கு 0.4 கிராம். அடுத்த தெளிப்புக்கு அதே மருந்தைத் திருப்பி வாங்காதீர்கள்.

அதற்கும் முன்னால் செய்ய வேண்டியவை இருக்கின்றன. கடைசி உழவில் ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம் பிண்ணாக்கு, விதை நேர்த்தி செய்த விதை, வரப்போரம் தட்டைப்பயறோ எள்ளோ. தட்டைப்பயறைப் பார்த்துச் சிலர் சிரிப்பார்கள். புழுவுக்கு எதிரியான பொறிவண்டும் குளவியும் அதில்தான் தங்குகின்றன. செயல்விளக்கத் திடலுக்கு நாங்கள் ஆள் தேடும்போது "எனக்கு வேண்டாம், அடுத்தவனுக்குக் கொடுங்க" என்று ஒதுங்குபவர்கள், அந்தத் திடலைச் சாயங்காலம் சும்மா ஒரு நடை வந்து பார்த்துவிட்டாவது போகலாம்.

சரி, காப்பீட்டுக்கு வருகிறேன். மேலே சொன்ன பெரியவருடையது தாள் பிழை. தாள் சரியாக இருந்தும் பணம் வராதவர்கள் உண்டு. அவர்களுக்குக் கணக்கு தெரிய வேண்டும். பரவலான விளைச்சல் இழப்புக்கு உங்கள் காட்டைத் தனியாக வந்து யாரும் அளக்க மாட்டார்கள். அறிவிக்கப்பட்ட பகுதியில் (எங்கள் பக்கம் மக்காச்சோளத்துக்குப் பிர்கா, அதாவது பல கிராமங்கள் சேர்ந்த வருவாய்ப் பகுதி) சில வயல்களில் அறுவடைச் சோதனை செய்து சராசரி எடுப்பார்கள். கடந்த ஏழு ஆண்டுகளில் நல்ல ஐந்து ஆண்டு விளைச்சலின் சராசரியை வைத்து ஒரு உத்தரவாத அளவு இருக்கும். உதாரணத்துக்கு அது ஏக்கருக்கு 2,000 கிலோ, இந்த வருடப் பிர்கா சராசரி 1,500 கிலோ என்றால் குறைவு கால்வாசி. காப்பீட்டுத் தொகையிலும் கால்வாசி, பிர்காவில் அந்தப் பயிரைக் காப்பீடு செய்த எல்லோருக்கும் வரும். உங்கள் காடு மட்டும் முழுக்கப் போய், பிர்கா சராசரி 2,000-ஐத் தாண்டிவிட்டால் ஒன்றும் வராது. இது நியாயமா என்று கேட்டால் எனக்கும் மனசு ஒப்பவில்லை. பிர்காவின் ஒரு முனையில் பெய்த மழை மறுமுனையில் பெய்வதில்லை. ஆனால் விதி இன்றைக்கு அப்படித்தான் இருக்கிறது. ஆலங்கட்டி மழை, தண்ணீர் தேங்குதல் மாதிரி அந்தக் காட்டுக்கு மட்டும் வரும் சேதத்துக்குத் தனியாகப் பார்க்க வழி உண்டு, 72 மணி நேரத்துக்குள் தகவல் கொடுத்திருந்தால். நான்காம் நாள் போட்டோவோடு வருபவரை என்ன செய்வது?

ஆகவே, விதைத்த கையோடு கிராம நிர்வாக அலுவலரிடம் இந்த வருட அடங்கலை வாங்குங்கள். கடைசித் தேதி வரை காத்திருந்தால் அவருக்கும் கூட்டம், கணினி மையத்திலும் கூட்டம். ரசீது கையில் வந்ததும் பயிர், சர்வே எண், பரப்பு மூன்றையும் அங்கேயே நின்று படியுங்கள். படிக்கத் தெரியாதவர்கள் பள்ளிக்கூடம் போகும் பேத்தியைக் கூட்டிக்கொண்டு போகலாம்.

விற்பனையில் இன்னொரு கூத்து. 2025-26 பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,400 ரூபாய். ஆனால் நெல்லுக்கு இருப்பது போல இங்கே மக்காச்சோளத்துக்கு ஊருக்கு ஊர் கொள்முதல் நிலையம் கிடையாது. அதனால் அந்த விலை தாளில் இருக்க, வியாபாரி ஈரத்தைக் காட்டி விலையைக் குறைக்கிறார். ஈரம் 14 விழுக்காட்டுக்குள் வரும்வரை காயவைத்தவர் ஓரளவு பேரம் பேச முடியும். தார் ரோட்டில் காயவைப்பதை விடுங்கள், கல்லும் மண்ணும் சேர்கிறது, ராத்திரி வண்டிக்காரன் விழுகிறான். சூரியக் கூடார உலர்த்திக்கு வேளாண் பொறியியல் துறையில் மானியம் இருக்கிறது, நாலைந்து பேர் சேர்ந்தால் கட்டுப்படியாகும். விலை படுத்திருந்தால் ஒழுங்குமுறை விற்பனைக்கூடக் கிடங்கில் வைத்துப் பொருளீட்டுக் கடன் வாங்கலாம். சரக்கின் மதிப்பில் 75 விழுக்காடு வரை தருவார்கள், ஆறு மாதம் வரை வைத்திருக்கலாம். ஈரச் சரக்கைக் கிடங்கு ஏற்காது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

காட்டுப்பன்றியைப் பற்றிக் கேட்காமல் இந்தப் பக்கம் எந்தக் கூட்டமும் முடிவதில்லை. பால் பிடிக்கும் கதிரை ஒரே ராத்திரியில் உருட்டிவிட்டுப் போகிறது. முன்பு எங்கள் பக்கம் காப்பீட்டில் அதற்கு இடம் இல்லாமல் இருந்தது. 2026 காரிப் (மழைக்காலப் பருவம்) முதல் வனவிலங்குச் சேதத்தையும் சேர்ப்பதாக மத்திய அரசு 2025 நவம்பரில் அறிவித்திருக்கிறது. அதிலும் 72 மணி நேரம்தான், செல்போனில் இடக்குறியோடு படம் எடுத்து அனுப்ப வேண்டும். எந்தெந்த மாவட்டத்துக்கு, எந்தப் பயிருக்கு என்பது மாநில அறிவிக்கையைப் பொறுத்தது. ஆடி மாதம் டெப்போவுக்கு வரும்போது அதையும் கேளுங்கள்.